ஆதரவற்ற சிறுமிகளுக்கு உதவ வெளிநாடு போகிறீர்களா? தவிர்க்க வேண்டிய தவறுகள்

இரண்டு வார விடுப்பு, ஒரு விமான டிக்கெட், பை நிறைய பென்சிலும் நாப்கினும். வெளிநாட்டில் ஏதோ ஒரு சிறுமியர் இல்லத்துக்குப் போய் ஆங்கிலம் சொல்லித்தரலாம், சுகாதாரம் பற்றிப் பேசலாம், சாயங்காலம் கூடவே விளையாடலாம். இப்படிக் கிளம்புகிறவர்களில் கெட்ட எண்ணம் கொண்டவர்கள் மிகச் சிலர்தான். ஆனால் நல்ல எண்ணத்தோடு போனவர்களால் நேர்ந்த கெடுதல்கள் பல நாடுகளில் பதிவாகியிருக்கின்றன. அவற்றைத் தெரிந்துகொண்டு கிளம்புவது நல்லது. தெரிந்துகொண்ட பிறகு பயணத்தையே கைவிடுவதும் சில சமயம் நல்லதுதான்.

இல்லத்தில் இருப்பவர்கள் எல்லோருக்கும் பெற்றோர் இல்லை என்று நம்புவது

எல்லாத் தவறுகளுக்கும் வேர் இதுதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

உலகம் முழுக்க 14 கோடி அநாதைக் குழந்தைகள் இருப்பதாக ஒரு கணக்கு அடிக்கடி காட்டப்படும். 2015-ஆம் ஆண்டுக்கான யுனிசெஃப் மதிப்பீடு அது. தாய், தந்தை இருவரில் ஒருவரை மட்டும் இழந்த குழந்தைகளும் அதில் அடக்கம். இருவரையும் இழந்தவர்கள் சுமார் 1.5 கோடிப் பேர். அவர்களிலும் பலர் பாட்டியிடமோ சித்தியிடமோ அண்ணனிடமோ வளர்கிறார்கள். அப்படியானால் இல்லங்களில் இருப்பது யார்? 'சேவ் தி சில்ட்ரன்' அமைப்பு 2009-இல் வெளியிட்ட அறிக்கை, இல்லங்களில் வளரும் குழந்தைகளில் ஐந்தில் நான்கு பேருக்காவது பெற்றோரில் ஒருவராவது உயிரோடு இருக்கிறார் என்கிறது. அவர்களை அங்கே கொண்டுவந்து சேர்ப்பது பெரும்பாலும் வறுமை, உடற்குறை, பக்கத்தில் பள்ளி இல்லாத நிலைமை.

கம்போடியாவில் 2005-இல் 154 இல்லங்கள் இருந்தன. 2010-இல் அது 269 ஆனது. அந்த ஐந்து வருடத்தில் நாட்டில் திடீரென்று பெற்றோர்கள் செத்துப்போகவில்லை. சுற்றுலாப் பயணிகள்தான் பெருகினார்கள். நேபாளத்திலும் இதே கதை. அப்போதிருந்த 75 மாவட்டங்களில், வெளிநாட்டவர் அதிகம் போகும் காத்மாண்டு, லலித்பூர், பக்தபூர், காஸ்கி, சித்வான் என்ற ஐந்தில் மட்டும் சுமார் 90 சதவீத இல்லங்கள் இருந்தன. ஹும்லா மாதிரியான தொலைதூர மலை மாவட்டத்துக்குத் தரகர் ஒருவர் வருவார். "உன் பொண்ணைப் பட்டணத்தில் நல்ல பள்ளியில் சேர்த்துவிடுகிறேன்" என்று சொல்லி, பெற்றோரிடமே பணமும் வாங்கிக்கொண்டு அழைத்துப்போவார். பெற்றோர் இறந்துவிட்டதாகக் காகிதம் தயாராகும். அந்தக் காகிதத்தை நம்பித்தான் தன்னார்வலர் கட்டணம் கட்டுகிறார். 2015 ஏப்ரல் நிலநடுக்கத்துக்குப் பிறகு இது இன்னும் மோசமாகிவிடும் என்று பயந்த நேபாள அரசு, உரிய அனுமதி இல்லாமல் குழந்தைகளை மாவட்டம் விட்டு மாவட்டம் கொண்டுபோவதையே தடை செய்தது. ஆஸ்திரேலியா 2018-இல் நவீன அடிமைமுறைச் சட்டம் கொண்டுவந்தபோது, இல்லங்களுக்காகக் குழந்தைகளைக் கடத்துவதும் நவீன அடிமைமுறையில் ஒரு வகை என்று ஏற்றுக்கொண்டது. 2019 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமும் இல்லங்களில் செய்யும் தன்னார்வப் பணியால் வரும் கேடுகளைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது.

பெண் குழந்தைகள் விஷயத்தில் ஒரு கூடுதல் காரணமும் உண்டு. உயர்நிலைப் பள்ளி வெகு தூரத்தில், வழியில் பாதுகாப்பில்லை, ஊரில் இருந்தால் பதினைந்து வயதில் கல்யாணம் பேசிவிடுவார்கள். இந்த நிலைமையில் "இல்லத்தில் சேர்த்தால் படிப்பாள்" என்று ஒரு தாய் நினைப்பதில் தவறே இல்லை. அந்தச் சிறுமிக்குத் தேவைப்பட்டது ஒரு சைக்கிளும் பள்ளிக் கட்டணமும்தான் என்றால், அதை ஊரிலேயே கொடுத்திருக்கலாம்.

அதனால் போவதற்கு முன் இல்லத்தாரிடம் நேராகக் கேளுங்கள். எத்தனை குழந்தைகளுக்குக் குடும்பம் இருக்கிறது? அவர்கள் கடைசியாக எப்போது வீட்டாரைப் பார்த்தார்கள்? போன வருடம் எத்தனை பேரை வீட்டுக்கு அனுப்பினீர்கள்? அரசுப் பதிவு இருக்கிறதா? நடத்துகிற செலவு எங்கிருந்து வருகிறது? கடைசிக் கேள்விக்கு "தன்னார்வலர் கட்டணத்திலிருந்து" என்று பதில் வந்தால், குழந்தைகள் வீடு திரும்பாமல் இருப்பதுதான் அந்த இல்லத்துக்கு லாபம் என்று அர்த்தம். உங்களிடம் காவல்துறைச் சான்றிதழ்கூடக் கேட்காமல் "எப்போது வேண்டுமானாலும் வாங்க" என்று வரவேற்கும் இடத்துக்குப் போகவே போகாதீர்கள். உங்களை விசாரிக்காதவர்கள் வேறு யாரையும் விசாரித்திருக்க மாட்டார்கள்.

பாசம் காட்டிவிட்டுக் கிளம்புவது

"நான் உள்ளே நுழைந்ததுமே ஓடிவந்து கட்டிக்கொண்டாள்" என்று திரும்பி வந்தவர்கள் நெகிழ்ந்து சொல்வார்கள். குழந்தை உளவியல் தெரிந்தவர்களுக்கு இதைக் கேட்டால் கவலைதான் வரும். குடும்பத்தில் வளரும் சின்னக் குழந்தை, அறிமுகமில்லாதவரைப் பார்த்தால் முதலில் அம்மாவின் பின்னால் ஒளியும். யாரைப் பார்த்தாலும் தயங்காமல் ஒட்டிக்கொள்வது, நிலையான ஒரு பெரியவரோடு பிணைப்பு உண்டாகாததன் அடையாளமாக இருக்கலாம்.

ருமேனியாவில் 1989-இல் கம்யூனிஸ்ட் சர்வாதிகாரி சௌசெஸ்குவின் ஆட்சி விழுந்தபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அரசு விடுதிகளில் இருந்தது தெரியவந்தது. 2000-களின் தொடக்கத்தில் புக்கரெஸ்ட் நகரில் அப்படிப்பட்ட 136 குழந்தைகளை வைத்து ஓர் ஆய்வு தொடங்கியது. பாதிப் பேருக்கு வளர்ப்புக் குடும்பம் கிடைத்தது, மீதிப் பேர் வழக்கமான கவனிப்பிலேயே தொடர்ந்தார்கள். குடும்பத்துக்குப் போனவர்களின் அறிவு வளர்ச்சியும் பிணைப்பும் மேம்பட்டன. இரண்டு வயதுக்குள் போனவர்களுக்குப் பலன் இன்னும் அதிகம். ஆக, குழந்தைக்கு வேண்டியது ஒரே ஆள், தினமும். இரண்டு வாரத்துக்கு ஒரு முகம் மாறிக்கொண்டே இருந்தால், குழந்தை ஒவ்வொரு முறையும் ஒரு பிரிவைச் சந்திக்கிறது.

குளிப்பாட்டுவது, தூங்கவைப்பது, மடியில் வைத்துக்கொள்வது போன்ற வேலைகளை அங்கேயே தங்கியிருக்கும் பராமரிப்பாளர்களிடம் விட்டுவிடுங்கள். அவர்களுக்குக் கைகொடுக்க ஆயிரம் வேலை இருக்கும்: கணக்கு எழுதுவது, கணினியைச் சரிசெய்வது, நன்கொடையாளர்களுக்கு அறிக்கை தயாரிப்பது. புகைப்படத்தில் நன்றாக வராத வேலைகள்தான். ஆனால் அவை முடிந்தால் பராமரிப்பாளருக்குக் குழந்தையோடு இன்னும் ஒரு மணி நேரம் கிடைக்கும்.

தகுதியில்லாமல் மருத்துவம் பார்ப்பது

உகாண்டாவில் மருத்துவப் படிப்பே இல்லாத ஓர் அமெரிக்கப் பெண், ஊட்டச்சத்துக் குறைவான குழந்தைகளுக்காக ஒரு மையம் நடத்தினார். அங்கே நூறுக்கும் மேற்பட்ட குழந்தைகள் இறந்தார்கள். 2019-இல் விஷயம் நீதிமன்றத்துக்குப் போய், பிறகு தவறை ஒப்புக்கொள்ளாமல் சமரசமாக முடிந்தது. சட்டம் எப்படியோ போகட்டும். இதில் ஒரு மருத்துவ உண்மை இருக்கிறது. கடுமையாக மெலிந்த குழந்தைக்குத் திடீரென்று நிறைய உணவு கொடுத்தால் ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் சடாரென்று குறைந்து இதயமே நின்றுபோகலாம். பசித்த குழந்தைக்குச் சோறு போடுவதில்கூடப் பயிற்சி வேண்டும் என்கிறபோது, ஊசி, மாத்திரை பற்றிச் சொல்லவே வேண்டாம். உங்கள் நாட்டில் எதைச் செய்ய உங்களுக்கு அனுமதி இல்லையோ, அதை அங்கேயும் செய்யாதீர்கள். மருத்துவ மாணவர்களுக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

நாப்கின் விஷயத்துக்கு வருவோம். மாதவிடாயால் பெண்கள் பள்ளிக்கு வருவதில்லை, நாப்கின் கொடுத்தால் வந்துவிடுவார்கள் என்பது பரவலான நம்பிக்கை. நேபாளத்தின் சித்வானில் செய்த ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. மாதவிடாய் காரணமாகச் சிறுமிகள் தவறவிட்டது 180 பள்ளி நாள்களில் அரை நாளுக்கும் குறைவு; மாதவிடாய்க் கோப்பை (நாப்கினுக்குப் பதிலாக உடலுக்குள் வைத்து, கழுவித் திரும்பப் பயன்படுத்துவது) கொடுத்த பிறகும் வருகை கூடவில்லை. ஆனால் துணி துவைக்கும் வேலை மிச்சமானதால் சிறுமிகளுக்குக் கோப்பை பிடித்திருந்தது. எல்லா ஊருக்கும் இதே முடிவு பொருந்தும் என்று சொல்ல முடியாது. கழிப்பறையே இல்லாத பள்ளியில் நிலைமை வேறாக இருக்கும். அங்குள்ள பிரச்சினை என்ன என்று கேட்காமலே தீர்வோடு போய் இறங்குவதைத்தான் சொல்கிறேன். கதவுக்குத் தாழ்ப்பாள் இருக்கிறதா, உள்ளே தண்ணீர் வருகிறதா, பயன்படுத்திய நாப்கினை எங்கே போடுவது, துவைத்துப் பயன்படுத்தும் துணியானால் வெயிலில் காயப்போட மறைவான இடம் உண்டா, அடுத்த மாதம் யார் வாங்கித்தருவார்கள்? இதையெல்லாம் வார்டனிடமும், முடிந்தால் அவர் வழியாகப் பெரிய பெண்களிடமும் கேட்ட பிறகு வாங்கலாம். கென்யாவில் 2017 முதல் பள்ளி மாணவிகளுக்கு இலவச நாப்கின் தர வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. அந்த மாதிரி நாட்டில், இருக்கிற திட்டம் ஏன் இந்த இல்லத்துக்கு வந்து சேரவில்லை என்று விசாரித்துக் கொண்டுவந்து சேர்ப்பது ஒரு பை நாப்கினைவிட மேல்.

ரத்தசோகை மாத்திரைக்கும் தடுப்பூசிக்கும் இதே வழிதான். கருப்பைவாய்ப் புற்றுநோயைத் தடுக்கும் எச்.பி.வி. தடுப்பூசியை 9 முதல் 14 வயதுச் சிறுமிகளுக்கு உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கிறது. ஒன்றோ இரண்டோ டோஸ் போதும் என்று 2022-இல் சொல்லிவிட்டது. பல நாடுகளில் இதைப் பள்ளியிலேயே போடுகிறார்கள். பிறப்புச் சான்றிதழ் இல்லாத, கையெழுத்துப் போட பாதுகாவலர் இல்லாத சிறுமி விடுபட்டுப்போக வாய்ப்பு உண்டு. அந்தக் காகிதங்களைச் சரிசெய்ய இல்லத்துக்கு உதவினால் அது பல வருடங்களுக்கு நிற்கும்.

இன்னொன்று, சொல்லக் கூச்சமாக இருந்தாலும் சொல்லியாக வேண்டும். உடல்நலம் பற்றிப் பேசப்போனால், ஏதாவது ஒரு சிறுமி தனக்கு நடந்த பாலியல் துன்புறுத்தலைச் சொல்லக்கூடும். அப்போது "யாரிடமும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். அதைக் காப்பாற்ற முடியாது, காப்பாற்றவும் கூடாது. கேள்வி மேல் கேள்வி கேட்காதீர்கள். அவள் சொன்னதை நம்புவதாகச் சொல்லி, அவள் வார்த்தைகளிலேயே எழுதிவைத்து, அன்றைக்கே பொறுப்பானவரிடம் தெரிவியுங்கள். குற்றம் செய்தவர் இல்லத்திலேயே இருந்தால் யாரிடம் போவது என்பதைப் போகும் முன்பே தெரிந்துவைத்திருக்க வேண்டும். அந்த ஏற்பாடு இல்லாத இடத்தில் உடல்நல வகுப்பு எடுக்காதீர்கள்.

திரும்பத் திரும்ப அதே ஏ, பி, சி

ஒவ்வொரு தன்னார்வலரும் வந்து நிறங்களின் பெயர், விலங்குகளின் பெயர், ஒரு பாட்டு என்று சொல்லித்தந்துவிட்டுப் போவார். அடுத்தவர் வந்து மறுபடி நிறங்களிலிருந்து தொடங்குவார். பத்து வயதுச் சிறுமி, விருந்தாளி மனம் கோணக்கூடாது என்று மறுபடியும் பாடுவாள். அவளுக்குப் பொதுத்தேர்வில் தேவைப்படும் கணக்கும் அறிவியலும் அப்படியே நிற்கும்.

உள்ளூர் ஆசிரியரிடம் கேட்டு, அவருடைய பாடத்திட்டத்துக்குள் வேலை செய்யுங்கள். நீங்கள் ஆசிரியர் என்றால் ஆசிரியர்களுக்கே பயிற்சி கொடுக்கலாம், வகுப்பு அவர் கையில் இருக்கட்டும். 'கேம்ஃபெட்' என்ற அமைப்பு 1993-இல் ஜிம்பாப்வேயில் ஏழைச் சிறுமிகளின் பள்ளிச் செலவை ஏற்கத் தொடங்கியது. அதன் உதவியால் படித்து முடித்த பெண்களே இப்போது ஊர்ப் பள்ளிகளுக்குத் திரும்பிப் போய் அடுத்த தலைமுறைச் சிறுமிகளுக்கு வழிகாட்டுகிறார்கள். அந்த மொழி தெரிந்த, அதே ஊரில் அதே கஷ்டப்பட்ட ஓர் அக்காவின் இடத்தை வெளிநாட்டிலிருந்து வருபவர் நிரப்ப முடியாது. அந்த அக்காவின் பயிற்சிச் செலவை ஏற்கலாம்.

சின்னதாகத் தெரியும் சில தவறுகள்

சிறுமிகளின் முகம் தெரியப் படமெடுத்து, ஊர் பெயரோடு, "அம்மா எய்ட்ஸில் இறந்துவிட்டார்" என்று பதிவு போடுவது. அவள் இருபது வயதில் வேலை தேடும்போதும் அது இணையத்தில் இருக்கும். இல்லத்தார் சம்மதித்தார்கள் என்பதெல்லாம் காரணம் ஆகாது.

சுற்றுலா விசாவில் போய் வேலை செய்வது. சம்பளம் வாங்காவிட்டாலும் நேபாளம் உட்படப் பல நாடுகளில் இது சட்டவிரோதம். "எல்லோரும் அப்படித்தான் வருகிறார்கள்" என்று சொல்லும் இல்லம், மற்ற சட்டங்களையும் அப்படித்தான் பார்க்கும்.

பிடித்த ஒரு சிறுமிக்கு மட்டும் பரிசு வாங்கித்தருவது. நீங்கள் போன பிறகு அந்த அறையில் என்ன நடக்கும் என்று யோசித்துப் பாருங்கள். அப்புறம், இருமலோடு போவது, உங்கள் தட்டம்மைத் தடுப்பூசி விவரம்கூடத் தெரியாமல் போவது. கூட்டமாகத் தூங்கும் குழந்தைகளிடம் தட்டம்மை வேகமாகப் பரவும்.

எல்லாம் தெரிந்த பிறகு ஒரே நாளில் கைவிடுவது

சரி, ஏற்கெனவே ஓர் இல்லத்துக்குப் பல வருடமாகப் பணம் அனுப்பிக்கொண்டிருக்கிறீர்கள், இதையெல்லாம் படித்ததும் மனசு கெட்டுவிட்டது. உடனே நிறுத்திவிடாதீர்கள். துன்புறுத்தலோ கடத்தலோ நடப்பதாகச் சந்தேகம் இருந்தால் அந்த நாட்டுக் குழந்தைகள் நலத் துறைக்கும் காவல்துறைக்கும் தெரிவியுங்கள், அது வேறு விஷயம். மற்றபடி, பணம் திடீரென்று நின்றால் முதலில் குறைவது சாப்பாடும் பள்ளிக் கட்டணமும்தான். குழந்தைகளை வீடுகளுக்கு அனுப்பத் திட்டம் இருக்கிறதா என்று இல்லத்தாரிடம் எழுதிக் கேளுங்கள். குடும்பத்தைத் தேடிக் கண்டுபிடிக்க, சமூகப் பணியாளர் ஒருவரை அமர்த்த, வீடு திரும்பிய சிறுமி அங்கிருந்தே பள்ளி முடிக்க எவ்வளவு ஆகும் என்று கணக்குக் கேளுங்கள். ருவாண்டா 2012-இல் இப்படித்தான் தொடங்கியது, குழந்தைகளைக் குடும்பங்களுக்கு அனுப்பி இல்லங்களைப் படிப்படியாக மூடிவருகிறது. உங்கள் இல்லம் அந்தக் கணக்கைத் தர மறுத்தால், அதே வேலையைச் செய்யும் உள்ளூர் அமைப்பைத் தேடி, முன்கூட்டியே தேதி சொல்லிப் பணத்தை மெதுவாக அங்கே மாற்றுங்கள்.