எஸ்.எம்.பி.எஸ். மாற்றினால் கேபிளையும் மாற்றுங்கள்

போன வாரம் கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி போன் செய்தான். கம்ப்யூட்டரின் எஸ்.எம்.பி.எஸ்ஸை, அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் கரன்ட் பிரித்துக் கொடுக்கும் பெட்டியை, மாற்றப்போகிறான். "அண்ணா, புது எஸ்.எம்.பி.எஸ். வந்துருச்சு. பழைய கேபிளையெல்லாம் பின்னாடி டை போட்டு அழகா கட்டி வச்சிருக்கேன். அதையே புதுசுல சொருகிக்கட்டுமா?"

"கை வைக்காதே!" என்று கத்திவிட்டேன். டீக்கடையில் பக்கத்திலிருந்தவர் திரும்பிப் பார்த்தார். இதே கேள்வியை ஒரு காலத்தில் நான் யாரிடமும் கேட்காமல் விட்டேன். அதற்கு விலை மூன்று டிரைவ்.

கூலருக்கு அடியிலிருக்கும் பிளாஸ்டிக்கை உரிக்க மறந்தது, மானிட்டர் வயரைக் கிராபிக்ஸ் கார்டில் குத்தாமல் மதர்போர்டில் குத்தியது, இதையெல்லாம் இங்கே எழுதப்போவதில்லை. அரை மணி நேரத்தில் அவை தானாகவே தெரிந்துவிடும். கம்ப்யூட்டரை நாமே கோர்க்கும்போது பணத்தைத் தின்னும் தவறுகள் வேறு. அவற்றைத்தான் சொல்கிறேன்.

பழைய கேபிள், புது எஸ்.எம்.பி.எஸ்.

கேபிளைத் தனியாகக் கழற்றி மாட்டும் மாடுலர் வகையில்தான் இந்த வில்லங்கம். கேபிளின் ஒரு முனை ஹார்ட் டிஸ்கில் போகிறது. அந்த முனை எங்கே வாங்கினாலும் ஒன்றுதான். மறுமுனை எஸ்.எம்.பி.எஸ்ஸில் போகிறது. அதற்குப் பொது விதியே கிடையாது. எந்தப் பின்னில் 12 வோல்ட், எதில் 5 வோல்ட் என்று அந்தந்தக் கம்பெனி தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொள்ளும். ஒரே கம்பெனியின் இரண்டு மாடல்களுக்குள்ளேகூட மாறும். ஆனால் பிளக் மட்டும் பல நேரம் கச்சிதமாக உள்ளே போய்விடும். எனக்கு இன்றுவரை ஆறாத எரிச்சல் இதுதான். பொருந்தாமல் இருந்திருந்தால் நான் தப்பித்திருப்பேன்.

ஐப்பசி மழை. கோயம்புத்தூரில் 650 வாட் ஒன்று வாங்கி, பஸ்ஸில் மடியிலேயே வைத்துக்கொண்டு குன்னூர் வந்து சேர்ந்தேன். கரன்ட் போவதற்குள் முடித்துவிட வேண்டும் என்ற அவசரம். மதர்போர்டுக்குப் போகும் 24 பின் கேபிளைப் புதிதாகவே போட்டேன். டிரைவ்களுக்குப் போகும் சாட்டா கேபிள் மட்டும் பின்பக்கம் இறுக்கிக் கட்டியிருந்தது. அவிழ்க்கச் சோம்பல், அப்படியே விட்டேன். சுவிட்சைப் போட்டதும் ஃபேன் ஒரு சுற்று சுற்றி நின்றது. கருகல் வாடை. 5 வோல்ட் போக வேண்டிய கம்பியில் 12 வோல்ட் போயிருக்கிறது. இரண்டு ஹார்ட் டிஸ்க், ஒரு எஸ்.எஸ்.டி., மூன்றும் காலி.

பல 3.5 அங்குல ஹார்ட் டிஸ்குகளின் போர்டில், கரன்ட் நுழையும் இடத்திலேயே டிவிஎஸ் டயோடு என்று ஒன்று இருக்கும். வோல்ட் எகிறினால் அது ஷார்ட் ஆகி, தான் செத்து மற்றதைக் காப்பாற்றும். செத்த டயோடை எடுத்ததும் ஒரு டிஸ்குக்கு உயிர் வந்தது. டேட்டாவை அன்றிரவே வேறு இடத்துக்கு மாற்றினேன். இன்னொன்றில் போர்டே போயிருந்தது. அதே மாடல் டிஸ்கைப் பழையதாகத் தேடி வாங்கி, அதன் போர்டைக் கழற்றி மாட்டினேன். ஓடவில்லை. அந்தந்த டிஸ்குக்கே உரிய அளவுகள் போர்டிலுள்ள ரோம் சிப்பில் பதிந்திருக்கும், சிப்பையும் பெயர்த்து மாற்ற வேண்டும் என்பது காசு போன பிறகுதான் தெரிந்தது. எஸ்.எஸ்.டி. போனது போனதுதான்.

ஆகவே எஸ்.எம்.பி.எஸ். மாறினால் கடைசிக் கேபிள்வரை எல்லாம் மாற வேண்டும். பழையதை மாடல் பெயர் எழுதி, அதன் எஸ்.எம்.பி.எஸ்ஸோடு சேர்த்து ஒரு துணிப்பையில் கட்டிவையுங்கள். மேசை டிராயரில் தனியாகக் கிடக்கும் கேபிள்தான் ஆபத்து.

காப்பியும் அதே கேபினெட்டுக்குள்

அந்த இரண்டாவது டிஸ்க்தான் முதலாவதன் காப்பி. ஒரே கேபினெட்டில் இருந்ததால் இரண்டும் ஒன்றாக அடிவாங்கின.

எம்.2 ஸ்லாட்டை மட்டும் எண்ணுவது

எம்.2 என்பது எஸ்.எஸ்.டி.யை நேராக மதர்போர்டிலேயே சொருகும் இடம். போர்டில் இரண்டு எம்.2 இருக்கிறதே என்று இரண்டு எஸ்.எஸ்.டி. வாங்கிவிடுகிறார்கள். பல போர்டுகளில் இரண்டாவது ஸ்லாட்டை நிரப்பினால் ஹார்ட் டிஸ்கின் டேட்டா கேபிளைக் குத்தும் சாட்டா போர்ட் ஒன்றிரண்டு வேலை செய்யாது. மேனுவலில் பொடி எழுத்தில் இருக்கும். காணாமல் போன ஹார்ட் டிஸ்கை 'டெட்' என்று தூக்கிக்கொண்டு ஒருவர் என் வீட்டுக்கே வந்தார். வேறு போர்ட்டில் குத்தினேன், ஓடியது. சில ஸ்லாட்டுகள் சாட்டா வகை எம்.2-ஐ ஏற்காது, என்விஎம்இ என்ற வேகமான வகை மட்டும்தான். வாங்குமுன் மேனுவலை இறக்கிப் படியுங்கள், அது இலவசம்தான்.

மலையில் ஹார்ட் டிஸ்க் ஓடாது என்று நம்புவது

இதை ஒரு கடைக்காரரே சொன்னார். முழுப் பொய்யும் அல்ல. டிஸ்கில் டேட்டாவைப் படித்து எழுதும் ஹெட் மெல்லிய காற்றுப் படலத்தின் மேல்தான் மிதக்கிறது, உயரம் ஏற ஏறக் காற்று மெலியும். ஆனால் வழக்கமான டிஸ்குகளுக்குக் கொடுத்திருக்கும் எல்லை ஏறத்தாழ 3,000 மீட்டர். ஊட்டி 2,240. தொட்டபெட்டா உச்சியே 2,637தான்.

ஒற்றை ரேம்

ஜோடியாக வாங்குங்கள்.

மழை நாளில் பயாஸ் அப்டேட்

பயாஸ் என்பது கம்ப்யூட்டரைக் கிளப்பிவிடும், போர்டிலேயே பதிந்திருக்கும் மென்பொருள். பழைய போர்டில் புதிய பிராசஸர் போடுகிறவர்கள் பலருக்கு அதன் அப்டேட் தேவைப்படும். பழைய பிராசஸர் உள்ளே இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். யு.பி.எஸ். இல்லையா? அப்படியானால் வெயில் வரட்டும். பாதியில் ஒரு கற்பூர மரம் லைன்மேல் சாய்ந்து கரன்ட் போனால், போர்டையும் கடைக்குத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் இறங்க வேண்டியிருக்கும்.