வேலூர் வீட்டுத் தொட்டியில் மலாவி சிக்லிட்

வேலூர்ப் பக்கத்து ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீர் பருப்பு வேகவிடாத அளவுக்குக் கடினமாக இருப்பதுண்டு; ஆப்பிரிக்காவின் மலாவி ஏரியில் வாழும் சிக்லிட் என்னும் மீன்களுக்கோ அத்தகைய நீரே உகந்தது. அவற்றுக்கு 7.8 முதல் 8.6 வரையிலான பிஎச் (நீரின் அமில-காரத் தன்மை) அளவு வேண்டும் என்பதால் முதலில் நீரைச் சோதித்துக்கொள்ளுங்கள். குழாய்க் குடிநீரானால் குளோரினை நீக்கியே ஊற்ற வேண்டும்.

நான்கு அடி நீளமும் ஒன்றரை அடி அகலமும் உயரமும் கொண்ட, சுமார் 250 லிட்டர் தொட்டி இருந்தால் தொடங்கலாம். மீன்களை விடுமுன் வடிகட்டியை ஓடவிட்டு, அவற்றுக்கு நஞ்சான அம்மோனியாவும் நைட்ரைட்டும் பூஜ்யமாகும் வரை காத்திருங்கள்; பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும்.

இணக்கம் என்பது இங்கே நட்பன்று, சண்டையைப் பங்கிட்டுவிடுவதே. பாறைகளிடையே வாழும் ம்புனா வகையில் ஓர் ஆணுக்கு மூன்று பெண்கள் என்ற கணக்கில், நிறத்திலும் கோடுகளிலும் ஒன்றையொன்று ஒத்திராத இனங்களைத் தேர்ந்தெடுங்கள்; ஒரே சாயலுள்ள ஆண்கள் ஓயாமல் மோதிக்கொள்ளும். ஒப்பளவில் சாதுவான மஞ்சள் லேபிடோக்ரோமிஸை முதலிலும், முரட்டு இனங்களைக் கடைசியிலும் விட்டு, ஒவ்வொரு முறையும் கற்களை இடம் மாற்றி அடுக்கினால் பழைய எல்லைகள் கலைந்துவிடும். நம் மலைகளின் கருங்கல்லைக் கழுவிப் பயன்படுத்தலாம். ஆனால் மணலுக்கு மேலன்று, அடித்தளத்தின் மேலேயே நிறுத்துங்கள், ஏனெனில் இந்த மீன்கள் மணலைத் தோண்டும். மென்மையான பீகாக் சிக்லிட்டுகளை ம்புனாவோடு சேர்க்காமல் இருப்பதே என் விருப்பம்.

பாசி தின்னும் ம்புனாவுக்கு ஸ்பைருலினா என்னும் நீலப்பச்சைப் பாசி உணவு போதும். இறைச்சி மிகுந்தால் வயிறு உப்பும். கத்திரி வெயிலில் நீர் 28 டிகிரியைத் தாண்டும்போது விசிறியும் காற்றுப் பம்பும் அவசியம்.