செந்தூலில் பிறக்காத டாங்கி: மிச்சப் பாகங்களில் ஒரு கற்பனை வண்டி கட்டும் முறை

பிளாஸ்டிக் மாடல் கிட் ஒன்றைக் கட்டி முடித்தால், பாகங்கள் ஒட்டி வரும் பிளாஸ்டிக் சட்டத்தில் எப்போதும் ஏதாவது மிஞ்சும்: வேறு வகைக்கான மூடி, இரண்டாவது பீரங்கிக் குழல், நாலைந்து சக்கரம், ஒரு கைப்பிடி. ஐந்தாறு கிட் கட்டியவரின் டப்பாவில் ஒரு முழு டாங்கிக்கு வேண்டிய சாமான் தானாகச் சேர்ந்துவிடும். கைக்கு வந்ததையெல்லாம் ஒட்டிக்கொண்டே போனால் பசார் மாலாம் தள்ளுவண்டி மாதிரி ஏதோ ஒன்று வரும். கற்பனை வண்டிக்கும் ஓர் ஊரும் ஒரு பட்டறையும் வேண்டும். யார் கட்டினார்கள், எந்த ஆண்டு, எந்த எஞ்சின், உள்ளே எத்தனை பேர் என்று தாளில் எழுதிய பிறகுதான் கத்தியைத் தொட வேண்டும்.

இங்கே எடுத்துக்கொண்ட வண்டி கோலாலம்பூரைச் சேர்ந்தது. 1941 டிசம்பரில் ஜப்பானியப் படை வடக்கிலிருந்து இறங்கியபோது, தீபகற்பத்தில் எதிர்த்து நின்ற பிரிட்டிஷ், இந்தியப் படைகளிடம் டாங்கிகள் இல்லை. 1942 ஜனவரி 7 விடியலுக்கு முன் சிலிம் ரிவரில் ஜப்பானிய டாங்கிகள் சாலையோடு உள்ளே புகுந்து தற்காப்பு வரிசையை உடைத்தன. ஜனவரி 11-இல் கோலாலம்பூர் விழுந்தது. அந்நகரின் செந்தூலில் அப்போது எஃப்.எம்.எஸ். (கூட்டு மலாய் மாநிலங்கள்) ரயில்வேயின் மத்தியப் பட்டறை இருந்தது. கொதிகலன் தகடும் ரிவெட் (தகடுகளைப் பிணைக்கும் தலையாணி) அடிக்கத் தெரிந்த கைகளும் அங்கே இருந்தன. அந்தக் கைகளில் தமிழர் கைகள் நிறைய. அங்கே அவசரமாக ஒரு டாங்கி கட்டியிருந்தால் எப்படி இருக்கும்? நடக்க முடியாத கதை இல்லை. ஆஸ்திரேலியாவின் சென்டினல் டாங்கிகள் 65-உம் சிட்னியின் சல்லோராவில், ரயில்வே பட்டறைகளை ஒட்டித்தான் உருவாயின. பெரிய எஞ்சின் கிடைக்காததால் ஒவ்வொன்றிலும் மூன்று கடிலாக் எஞ்சின்களை இணைத்தார்கள். நியூசிலாந்தில் கேட்டர்பில்லர் டி8 டிராக்டரின் மேல் நெளித்தகட்டுப் பெட்டியைக் கவிழ்த்து ஒன்று செய்தார்கள். அதன் படத்தைப் பார்த்தாலே அடிச்சட்டம்தான் வண்டியின் உருவத்தைத் தீர்மானிக்கிறது என்பது புரியும்.

டப்பாவைக் கொட்டுங்கள்

முதலில் அளவு வாரியாகப் பிரியுங்கள். 1/35 (நிஜத்தில் முப்பத்தைந்தில் ஒரு பங்கு), 1/48, 1/72 மூன்றும் ஒரே குவியலில் கிடந்தால் தவறு நிச்சயம். பிறகு பிளாஸ்டிக் வாரியாகப் பிரிக்க வேண்டும். சுங்கை வாங், டைம்ஸ் சதுக்கம் பக்கம் கன்டாம் (ஜப்பானிய ரோபோ மாடல்) கட்டுபவர்களிடம் மிச்சச் சட்டம் நிறையக் கிடைக்கும். அந்தச் சட்டத்தின் ஓரத்தில் பொருளின் பெயரே அச்சாகியிருக்கும். பி.எஸ். என்றால் பாலிஸ்டைரீன், மாடல் பசை அதை உருக்கி ஒன்றாக்கும். ஏ.பி.எஸ். என்றால் பிடிப்பு குறைவு. இறுக்கமாகப் பொருத்திய நிலையில் தின்னர் பட்டால் விரிசலும் விடும். பி.இ. என்றால் மூட்டுகளில் வரும் மெத்தென்ற வளையம். அதில் எந்தப் பசையும் நிற்காது, பெயிண்டும் நிற்காது.

வைனில் டிராக்குகளை (சக்கரங்களைச் சுற்றி ஓடும் சங்கிலிப் பட்டைகளை) தனிப் பையில் போடுங்கள். சில வைனிலில் உள்ள மென்மையாக்கும் எண்ணெய் மெல்லக் கசிந்து, தொட்டுக்கொண்டிருக்கும் சக்கரத்தை உருக்கிவிடும். நம் ஊர் வெயிலில் அது இன்னும் வேகமாக நடக்கும்.

டப்பாவில் இல்லாமல் வாங்க வேண்டியவை அதிகம் இல்லை: 1 மி.மீ. மற்றும் 0.5 மி.மீ. பாலிஸ்டைரீன் தகடு ஏ4 அளவில் ஒவ்வொன்று, 2 மி.மீ. உருளைக் கம்பி, 2 மி.மீ. பித்தளைக் குழாய் ஒரு துண்டு, நீர் மாதிரி ஓடும் மெல்லிய மாடல் பசை, சூப்பர் குளூ, எபாக்சி புட்டி. எஞ்சின் மேல் வலைக்கு உடைந்த டீ வடிகட்டி போதும். கம்பிகளுக்குப் பழைய சார்ஜர் ஒயரை உரித்தால் மெல்லிய செம்பு இழை கிடைக்கும். அரைகுறையாகக் கட்டிக் கைவிட்ட கிட் வேண்டுமென்றால், பெட்டாலிங் ஜெயா அம்கோர்ப் மால் வார இறுதிச் சந்தையில் தேடிப் பார்க்கலாம்.

அளவு

இந்த வண்டி போர்முனைக்கு மீட்டர் அகல ரயில்பாதையில் போக வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். அந்த ஒரு நிபந்தனையே பாதி வடிவத்தைத் தந்துவிடும். ஜெர்மனியின் டைகரையே ரயிலில் ஏற்ற 725 மி.மீ. டிராக்கைக் கழற்றி 520 மி.மீ. டிராக்கை மாட்ட வேண்டியிருந்தது. செந்தூல் வண்டிக்கு 2.5 மீட்டர் அகலம் என்று கோடு போடுவோம். நாம் கட்டுவது 1/35 அளவில், ஆகவே 35-ஆல் வகுத்தால் 71 மி.மீ. டிராக் ஒவ்வொன்றும் 10 மி.மீ. (பிரிட்டிஷ் டாங்கிகளான வாலன்டைன், மட்டில்டா அளவு). நடுவில் மிஞ்சுவது 51 மி.மீ. கோபுரம் சுழலும் வளையம் இதற்குள் அடங்க வேண்டும். சோவியத் டாங்கி டி-34-இன் முதல் வகைக்கு வளையம் 1,420 மி.மீ., அதாவது மாடலில் 40.6, தாராளமாக அமரும். டி-34-85-இன் 1,600 என்றால் 45.7, பக்கச் சுவருக்கு இடம் நெருக்கும். அமெரிக்க ஷெர்மன் கோபுரம் 50 மி.மீ. கேட்கும், 1 மி.மீ. பக்கச் சுவர் இரண்டும் போக உள்ளே 49-தான். பார்க்க அழகாக இருக்கிறதே என்று அதை வைத்தால், வளையம் பக்கச் சுவரின் மேல் ஏறி நிற்கும். கற்பனை டாங்கிகளில் அதிகம் காணப்படும் பிழை இதுதான்.

நீளத்துக்கும் ஒரு கணக்கு உண்டு. டிராக் தரையைத் தொடும் நீளத்தை, இரு டிராக் மையங்களுக்கு இடைப்பட்ட தூரத்தால் வகுத்தால் ஏறக்குறைய 1.2-க்கும் 1.8-க்கும் இடையில் வர வேண்டும். அதற்கு மேல் போனால் வண்டி திரும்பாது. கீழே போனால் நேராக ஓடாமல் தள்ளாடும். நமக்கு மைய தூரம் 61 மி.மீ. பக்கத்துக்கு 6 சக்கரம், மையத்துக்கு மையம் 17 மி.மீ. என்றால் தரை நீளம் 85, விகிதம் 1.39. இந்தக் கணக்கு தெரியாத கண்ணுக்கும் அது பிசகினால் ஏதோ உறுத்தும்.

சக்கரமும் டிராக்கும்

டப்பாவில் 12 சக்கரம் ஒரே மாதிரி இருக்காது. 8 இருக்கும், 9 இருக்கும். வெளியே தெரியும் இடத்துக்கு நல்லவை. பக்கத் தகட்டால் மறையும் இடத்துக்கு விட்டம் மட்டும் ஒத்துப்போகும் வேறு சக்கரம். விட்டம் அரை மில்லிமீட்டர் பிசகினாலும் அந்தச் சக்கரம் அந்தரத்தில் நிற்கும். பிளாஸ்டிக் துண்டு சுற்றிச் சமாளிப்பதைவிட வேறு தேடுவது நல்லது.

இரு பக்கச் சுவர்களையும் 1 மி.மீ. தகட்டில் வெட்டி, டேப்பால் ஒன்றாகக் கட்டி, அச்சுத் துளைகளை ஒரே துளையாகப் போடுங்கள். தனித்தனியாகப் போட்டால் எவ்வளவு கவனமாக அளந்தாலும் ஒரு பக்கம் விலகும். 2 மி.மீ. கம்பியைக் குறுக்கே செலுத்தி, சக்கரங்களை மாட்டி, பசை இளகியிருக்கும்போதே வண்டியை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் வைத்து மேலே ஒரு புத்தகத்தை ஏற்றுங்கள். மேசையோ தரையோ வேண்டாம். அவை பார்ப்பதற்குத்தான் சமம். 24 மணி நேரம் தொடாதீர்கள்.

டிராக்கை ஓட்டும் பல்சக்கரம் எந்தக் கிட்டினுடையதோ, டிராக்கும் அந்தக் கிட்டினுடையதாகவே இருக்க வேண்டும். பல் இடைவெளி பொருந்தாவிட்டால் எதைக் கொண்டும் மறைக்க முடியாது. பல்சக்கரம் முன்னாலா பின்னாலா என்பதும் விருப்பத்தைப் பொறுத்தது இல்லை. எஞ்சின் பின்னால், பல்சக்கரம் முன்னால் என்றால் சுழல்தண்டு கோபுரத்தின் அடியில் ஓட வேண்டும், வண்டி உயரும். ஷெர்மன் அவ்வளவு உயரமாக இருப்பதற்கு அதுவும் ஒரு காரணம். செந்தூல் வண்டிக்கு இரண்டு ஃபோர்டு வி8 லாரி எஞ்சின்கள், பல்சக்கரம் பின்னால். எஞ்சின் அறைக்கு 30 மி.மீ. நீளமாவது ஒதுக்கி, புகைக்குழாய் இரண்டு வையுங்கள். ஒன்று மட்டும் வைத்தால் இன்னொரு எஞ்சின் எங்கே மூச்சுவிடும் என்று கேட்பார்கள்.

டிராக் பத்துப் பன்னிரண்டு கண்ணி குறைந்தால் இழுத்து மாட்டாதீர்கள். வைனில் என்றால் அச்சு வளையும். பிறகு நாள் போகப் போகச் சக்கரங்கள் உள்ளே சாயும். மேல் ஓட்டத்தைப் பக்கத் தகட்டால் மூடி, அங்கே இடைவெளி விடலாம். மூடினால் தகட்டில் சேறு வழியும் திறப்புகளும் வேண்டும். செம்மண் ரோட்டில் ஓடும் வண்டிக்கு அது இல்லாமல் முடியாது.

உடலும் ரிவெட்டும்

தகட்டை வெட்டும் முன் மிலோ அட்டைப் பெட்டியில் முழு உடலையும் வெட்டி டேப்பால் ஒட்டிப் பாருங்கள். இரண்டு மூன்று அட்டை உடல் வீணாகும். வீணாகட்டும்.

அட்டை சரியானதும் கீழ் உடல் 1 மி.மீ., மேல் தோல் 0.5 மி.மீ. கொதிகலன் தகடு 12 மி.மீ. என்றால் மாடலில் 0.34-தான், ஆனால் அவ்வளவு மெல்லிய தகடு வளையும் என்பதால் 0.5-ஐ எடுத்து, வெளியே தெரியும் விளிம்பை மட்டும் உட்புறமாகச் சரித்துத் தேய்க்கலாம். அகலமான இரு தகடுகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டும்போது பசையைப் பரப்பி ஊற்றாதீர்கள். ஆவி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே தங்கி, சில நாள் கழித்துத் தகடு அலை அலையாக நெளியும். மூடிய உடலின் அடியிலும் 3 மி.மீ. துளை ஒன்று போட்டுவிடுங்கள்.

ரிவெட்தான் இந்த வண்டியின் முகவெட்டு. தலை விட்டம் 0.7 மி.மீ., இடைவெளி 3 மி.மீ. ஆக 100 மி.மீ. விளிம்புக்கு 30-க்கு மேல் போகும்; முழு வண்டிக்கு முந்நூறை நெருங்கும். எம்3 லீ போன்ற பழைய வண்டிகளின் கீழ் உடல் டப்பாவில் இருந்தால், அதன் அடியில் யாரும் பார்க்காத ரிவெட்டுகளைப் புதிய பிளேடால் சீவி எடுக்கலாம். இல்லையென்றால் சட்டத் துண்டை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் சுடரிலிருந்து எடுத்து இழுங்கள். மெல்லிய இழை வரும். அதைத் துளித் துளியாக நறுக்க வேண்டும். தகட்டில் பென்சில் கோடு போட்டு, ஊசி முனையால் 3 மி.மீ.க்கு ஒரு புள்ளி குத்தி, ஒவ்வொரு ரிவெட்டையும் நனைந்த தூரிகை நுனியில் தொட்டு எடுத்து வைத்து, பசையை அரைச் சொட்டு மட்டும் தொட்டுவிடுங்கள். பசை அதிகமானால் ரிவெட் கரைந்து பரு மாதிரி ஆகிவிடும். ஒரு நாளைக்கு ஒரு பக்கம் போதும். மின்விசிறியை நிறுத்திவிட்டு உட்காருங்கள்.

எங்கே ரிவெட் வரும் என்பதற்கும் காரணம் வேண்டும். தகடு இன்னொரு தகட்டையோ உள்ளே உள்ள கோணச் சட்டத்தையோ சந்திக்கும் விளிம்பில் வரும்; தகட்டின் நடுவில் அழகுக்காக வராது.

கோபுரம்

1941 என்றால் பிரிட்டிஷ் 2 பவுண்டர் பீரங்கி. முழு நீளம் 2 மீட்டருக்குச் சற்று மேல். மாடலில் 59 மி.மீ. பித்தளைக் குழாயை வெட்டி, வாயை 1.1 மி.மீ. அளவில் காட்ட வேண்டும், ஏனென்றால் குண்டின் விட்டம் 40 மி.மீ. 59-ஐயும் வெளியே நீட்டிவிடாதீர்கள். பின்பகுதி கோபுரத்துக்குள் இருக்கிறது. பீரங்கி ஏறி இறங்கும் அச்சிலிருந்து பின்சுவர் வரை 30 மி.மீ.யாவது விடுங்கள். பின்வாங்க இடமும் குண்டு போட இடமும் அதற்குள்தான். இயந்திரத் துப்பாக்கிக்குக் காலாட்படை கிட்டில் மிஞ்சிய பிரென் சரியாக இருக்கும்.

வேறு கிட்டின் கோபுரத்தை வைப்பதானால் அடையாளம் தெரியாமல் மாற்ற வேண்டும். முகத்தகட்டை அறுத்து எடுத்துத் தட்டையான தகடு ஒட்டுங்கள். மூடியை இடம் மாற்றுங்கள். பார்வையாளர் ‘இது டி-34’ என்று சொல்லிவிட்டால் உங்கள் முந்நூறு ரிவெட்டும் வீண்.

அளவு பிசகைக் காட்டிக் கொடுப்பவை சின்னச் சாமான்கள்தான். 1/35-இல் ஆள் 50 மி.மீ. உயரம், அவன் தோள் நுழையும் மூடி 15 மி.மீ. 1/48 மூடி பத்தைத் தாண்டினாலே பெரிது. அதை வைத்தால் உள்ளே பூனைதான் போகும். ஜெரி கேன்களையும் (எரிபொருள் கேன்கள்) டப்பாவிலேயே விடுங்கள். அந்த ஆண்டு மலாயாவுக்குப் பொருந்துவது நாலு கேலன் சதுரத் தகர டின், 0.5 மி.மீ. தகட்டில் ஏறக்குறைய 7-க்கு 7, உயரம் 10 மி.மீ. பெட்டி செய்தால் தீர்ந்தது.

பெயிண்ட்

முதலில் சாம்பல் பிரைமர். பச்சை, வெள்ளை, பழுப்பு என்று ஒட்டுப் போட்டுக் கிடந்தது அப்போதுதான் ஒரே வண்டியாகத் தெரியும். புட்டி இறங்கிய பள்ளமும் தெரியும். நம் ஊர்க் காற்றில் ஈரம் அதிகம். மழைக்கு முந்திய மாலையில் லாக்கர் தெளித்தால், ஆவியாகும் தின்னர் பரப்பைக் குளிர்வித்து ஈரம் படிந்து, வெள்ளையாகப் பூத்துவிடும். வெயில் ஏறிய காலைதான் நல்ல நேரம். மாலையில் அடித்தே ஆக வேண்டும் என்றால் ஈரம் குறைந்த ஏர்கான் அறையில், காற்றை வெளியே தள்ளும் விசிறியோடு. சூப்பர் குளூவும் அப்படித்தான்: ஈரத்தில் சீக்கிரம் இறுகி, சுற்றிலும் வெள்ளைப் படலம் விடும், அதன் குப்பியைச் சிலிக்கா ஜெல்லோடு மூடிய டப்பாவில் வையுங்கள். முடித்த வண்டியை மதியத்தில் காடிக்குள் விட்டுவிட்டு மாமாக் கடைக்குப் போகாதீர்கள். பித்தளைக் குழலைத் தவிர மற்றதெல்லாம் வளையலாம்.

நிறத்துக்குக் கரும்பச்சை ஒன்றே போதும். அவசரப் பட்டறைக்கு மூன்று நிற வேலை பொருந்தாது. அழுக்கு கீழிருந்து மேலே ஏறட்டும்: டிராக்கில் செம்மண், பக்கத் தகட்டின் கீழ்ப்பாதியில் காய்ந்த தெறிப்பு. வாசல் மண்ணை அள்ளிப் பூசினால் அதில் உள்ள தழை, வேர் எல்லாம் சேர்ந்து பூஞ்சை பிடிக்கும். ஆரஞ்சு, பழுப்புச் சாக்குக் கட்டிகளைத் தேய்த்த தூளே போதும். மஞ்சள்தூள் வேண்டாம், வெளிச்சத்தில் வெளுத்துவிடும்.

வண்டியின் எண்ணுக்கு மிச்ச டெக்கல் (ஒட்டும் எழுத்து, படம்) தாள்களிலிருந்து இலக்கங்களைத் தனித்தனியாக வெட்டிச் சேர்க்கலாம். ஒட்டும் இடத்தில் முதலில் பளபளப்புப் பூச்சு. மங்கலான பெயிண்டின் மேல் நேராக ஒட்டினால் அடியில் காற்று சிக்கி வெள்ளி மாதிரி மின்னும். காய்ந்ததும் மேலே மேட் பூச்சு ஒன்று. அதையும் காலையிலேயே அடித்துவிடுங்கள்.