கையடக்க ரேடியோவில் ரிப்பீட்டரைப் பிடிப்பது எப்படி?

வெள்ளவத்தையில் நாலாம் மாடியில் நின்று ஐந்து வாட் ரேடியோவில் கூப்பிட்டால் தெஹிவளையில் கேட்கும். கொட்டாஞ்சேனையில் கேட்குமா என்பது சந்தேகம்தான். பவரைக் கூட்டியும் பெரிய பலன் இல்லை. 144 மெகாஹேர்ட்ஸ் அலை கிட்டத்தட்ட நேர்கோட்டில் போகும், இடையில் வரும் கட்டடங்கள் அதை மறித்துவிடும். அன்ரெனாவின் உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 4.1 ஆல் பெருக்குங்கள். அலை எத்தனை கிலோமீட்டர் எட்டும் என்பது அண்ணளவாக வரும். தரையில் நிற்பவருக்கு 5 கிலோமீட்டர். 350 மீட்டர் தாமரைக் கோபுரத்தின் உச்சியில் இருந்தால் ஏறக்குறைய 77. 2524 மீட்டர் பிதுருதலாகலை உச்சிக்கு, குறுக்கே வேறு மலை இல்லாத திசையில், 200ஐத் தாண்டும். ரிப்பீட்டரை உயரமான இடத்தில் வைப்பது இதனால்தான். உங்கள் குரலை ஒரு அலைவரிசையில் வாங்கி, அதே கணத்தில் இன்னொன்றில் திருப்பி அனுப்பும்.

முதலில் லைசென்ஸ். தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தல் ஆணைக்குழுவின் அனுமதியும் அழைப்புக்குறியும் இல்லாமல் பிடிடியை, அதாவது பேசும்போது அமுக்கும் பட்டனை, அமுக்க வேண்டாம். அதெல்லாம் கையில் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மேலே போகிறேன்.

ரிப்பீட்டரை நடத்துபவர்களிடம் மூன்று விஷயங்களைக் கேட்டு வாங்குங்கள்: அது ஒலிபரப்பும் அலைவரிசை, ஷிஃப்ட் (அந்த அலைவரிசைக்கும் அது உங்களைக் கேட்கும் அலைவரிசைக்கும் உள்ள வித்தியாசம்), டோன். இரண்டு மீட்டர் பட்டையில், அதாவது 144 மெகாஹேர்ட்ஸ் பக்கத்தில், ஷிஃப்ட் பெரும்பாலும் 600 கிலோஹேர்ட்ஸ். உதாரணத்துக்கு, 145.750இல் பேசும் ரிப்பீட்டர், ஷிஃப்ட் மைனஸ் என்றால், 145.150இல் உங்களைக் கேட்கும். (கணக்கு விளங்குவதற்காக எழுதிய எண்கள். அப்படியே ரேடியோவில் போட்டுவிடாதீர்கள்.) டோன் என்பது உங்கள் குரலுக்கு அடியில் மெதுவாக ஓடும் 88.5 ஹேர்ட்ஸ் மாதிரியான ஒரு முனகல். அது இல்லாவிட்டால் பல ரிப்பீட்டர்கள் உங்களைக் கண்டுகொள்ளாது.

இனி சேமிப்பது. புதியவர்கள் அதிகம் தடக்குப்படும் இடம் இது. பலரிடமும் இருப்பது பாவ்ஃபெங் யூவி-5ஆர் என்பதால் அதையே சொல்கிறேன். மெனு 25, 26இல் ஷிஃப்ட் வைத்தால் விஎஃப்ஓவில் (அலைவரிசையை நேரடியாக அடித்துப் பேசும் முறை) நன்றாகப் பேசலாம். அதைச் சானலாகச் சேமித்தால் ஷிஃப்ட் கூடவே போகாது. அடுத்த நாள் அந்தச் சானலில் ரிப்பீட்டர் கேட்கும், நீங்கள் பேசுவது மட்டும் ஒருவருக்கும் கேட்காது. ஒரே சானலில் இரண்டு தடவை சேமிப்பதுதான் வழி.

விஎஃப்ஓவுக்குப் போய் மேல் வரியைத் தெரிவுசெய்யுங்கள். மெனு 7ஐயும் 25ஐயும் ஓஃப் ஆக்குங்கள். 145.750 அடியுங்கள். மெனு 13இல் டோனைப் போடுங்கள். மெனு 11 பெறும் டோனுக்கானது, அதைத் தொட வேண்டாம். அப்புறம் மெனு 27, காலியான ஒரு சானல் எண், மறுபடி மெனு. இப்போது வெளியே வந்து 145.150 அடித்து, திரும்பவும் 27, அதே எண், மெனு. முதல் தடவை பெறும் அலைவரிசையும் இரண்டாவது தடவை அனுப்பும் அலைவரிசையும் பதியும். அந்த எண்ணில் ஏற்கெனவே ஏதாவது இருந்தால் 28இல் அழித்துவிட்டுத் தொடங்குங்கள்.

உண்மையில் இந்தப் பட்டன் வேலையே வேண்டாம் என்பேன். கம்பியூட்டரும் கேபிளும் இருந்தால் சிர்ப் மென்பொருள் போதும், இலவசம். கேபிள் வாங்கும்போது எஃப்டிடிஐ சிப் உள்ளதாகப் பாருங்கள். மலிவான போலிச் சிப் கேபிள்களை விண்டோஸ் ஏற்காமல் அடம்பிடிக்கும். கூடவே வரும் குட்டை ரப்பர் அன்ரெனாவை மாற்றுவதும் காசுக்கு மதிப்பான செலவு.

பேசும்போது முதலில் கொஞ்ச நேரம் கேளுங்கள். சானல் காலியாக இருந்தால் பிடிடியை அமுக்கி, ஒரு விநாடி பொறுத்துப் பேசத் தொடங்குங்கள். ரிப்பீட்டர் விழிக்க அந்த நேரம் வேண்டும், இல்லாவிட்டால் உங்கள் அழைப்புக்குறியின் தலை வெட்டுப்படும். அழைப்புக்குறியைச் சொல்லி, கேட்டுக்கொண்டிருப்பதாகச் சொன்னால் போதும். ஒவ்வொரு முறையும் ஒரு இடைவெளி விடுங்கள், அவசரக்காரர் ஒருவர் காத்திருக்கக்கூடும். பெயர் சொல்லாமல் பிடிடியை அமுக்கி ரிப்பீட்டர் எழும்புகிறதா என்று பார்ப்பது எல்லோருக்கும் எரிச்சல்.

பிற்சேர்க்கை: இரண்டு ரேடியோவைப் பக்கத்தில் வைத்துச் சோதித்தால் ஒன்றுமே கேட்கவில்லை என்று சிலர் எழுதியிருந்தார்கள். ரேடியோ பழுதில்லை. அருகில் இருக்கும் பலமான அலை மற்றதன் காதை அடைத்துவிடுகிறது. இரண்டாவதை நண்பரிடம் கொடுத்து இரண்டு தெரு தள்ளி நிற்கச் சொல்லுங்கள். அவர் அதே சானலில் இருந்து, தன் ரேடியோவில் நட்சத்திரப் பட்டனை ஒருதரம் தட்டினால் ரிப்பீட்டரின் உள்வரும் அலைவரிசையைக் கேட்கலாம். அங்கே உங்கள் குரல் கேட்டு, வெளிவரும் பக்கம் கேட்காவிட்டால், முதலில் டோனைப் பாருங்கள்.