கத்தரிக்கோலைப் பிள்ளையிடம் கொடுங்கள்: கலை மியூசியத்தில் பெற்றோர் செய்யும் தவறுகள்

சமகாலக் கலை மியூசியங்களில் வார இறுதிகளில் குடும்ப நிகழ்ச்சிகள் நடக்கும். அப்படிப்பட்ட நிகழ்ச்சிகளில் சில வருடங்கள் உதவிக்கு நின்றிருக்கிறேன். வேலை ஒன்றும் பெரிதில்லை: பசை ஊற்றிக் கொடுப்பது, பென்சில் சீவுவது, தரையைத் துடைப்பது, காட்சிக்கூடத்துக்குள் பிள்ளைகளோடு சுற்றுவது. பார்த்த வரையில் குழந்தைகளால் வரும் தொல்லை கொஞ்சம்தான், கூட வரும் பெரியவர்களைச் சமாளிப்பதுதான் பெரும்பாடு. எல்லாரும் நல்ல எண்ணத்தோடுதான் வருகிறார்கள், சிக்கலே அதில்தான். வந்ததற்குப் பிள்ளை ஏதாவது கற்றுக்கொண்டு போக வேண்டும் என்ற அவசரத்தில், பிள்ளைக்கும் படைப்புக்கும் நடுவில் போய் நின்றுகொள்கிறார்கள். என் பிள்ளையைக் கூட்டிப்போனபோது நானும் அப்படித்தான் நின்றேன், ஆகவே கீழே 'நீங்கள்' என்று வரும் இடமெல்லாம் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

முதலில், ஒரே நாளில் முழு மியூசியத்தையும் பார்த்து முடிக்கும் ஆசை. சீட்டு வாங்கியாயிற்று, நாலு மாடி இருக்கிறது, நாலையும் பார்க்காவிட்டால் காசு வீண் என்று ஒரு கணக்கு. இரண்டாவது மாடியிலேயே பிள்ளை தரையில் உட்கார்ந்துவிடும், மூன்றாவதில் அழும், நாலாவதில் உங்களுக்கே அழுகை வரும். சரி, பெரியவர்களாவது நிதானமாகப் பார்க்கிறார்களா? நியூயார்க் மெட்ரோபாலிட்டன் மியூசியத்தில் பார்வையாளர்களைக் கவனித்து எழுதிய ஆய்வு ஒன்று 2001-இல் வெளிவந்தது. ஒரு படைப்பின் முன் ஒருவர் நிற்கும் நேரம் சராசரியாக 27 விநாடி, அதிலும் பாதிப்பேர் 17 விநாடிக்கு மேல் நிற்கவில்லை. பிள்ளைகளை அவர்கள் போக்கில் விட்டால் ஒன்றின் முன்னாலேயே பத்து நிமிடம் இருப்பார்கள், நாம்தான் கையைப் பிடித்து இழுப்போம். சின்னப் பிள்ளை என்றால் மூன்று படைப்பு, ஒரு மணி நேரம், அவ்வளவு போதும். அந்த மூன்றில் ஒன்றையாவது பிள்ளையே தேர்ந்தெடுக்கட்டும்.

போவதற்கு முன்னால் விசாரிக்காமல் கிளம்புவதும் வழக்கமாக நடக்கிறது. நிகழ்ச்சிக்கு முன்பதிவு வேண்டுமா, நினைத்த நேரத்தில் வந்து உட்காரலாமா, எந்த வயதுக்கு, தள்ளுவண்டியை உள்ளே விடுவார்களா என்பதெல்லாம் ஒரு போன் காலில் தெரிந்துவிடும். வயது வரம்பை மட்டும் ஏமாற்றாதீர்கள். 'எங்க பொண்ணுக்கு அஞ்சுதான், ஆனா எட்டு வயசு புத்தி' என்று சொல்லிச் சேர்த்துவிடுவார்கள், அந்தக் குழந்தை கம்பியை வளைக்க முடியாமல் ஒரு மணி நேரம் மற்றவர்கள் கையையே பார்த்துக்கொண்டிருக்கும். சமகாலக் கலைக்கென்று கேட்க வேண்டியது இன்னொன்று இருக்கிறது. கறுப்புத் திரை போட்ட இருட்டு அறையில் திடீரென்று அலறும் ஒலி, வெட்டி வெட்டி மின்னும் விளக்கு, நிர்வாணம், ரத்தம், போர் எல்லாம் இங்கே சாதாரணம். எந்த அறையில் என்ன இருக்கிறது என்று வரவேற்பில் கேட்டால் சொல்வார்கள். வலிப்பு வரும் பிள்ளை, சத்தம் தாங்காத பிள்ளை என்றால் இதைக் கேட்காமல் உள்ளே போகவே கூடாது. ஒலியையும் வெளிச்சத்தையும் குறைத்து, கூட்டமும் இல்லாமல் தனி நேரம் ஒதுக்கும் மியூசியங்கள் இருக்கின்றன, கேட்டால்தான் தெரியவரும்.

அடுத்தது 'தொடாதே'. நான் மிக அதிகம் தகராறு பார்த்தது இதில்தான். வாசலில் ஒருமுறை மிரட்டிவிட்டால் போதும் என்று நினைக்கிறோம். பழைய ஓவியங்கள் மாட்டிய இடத்தில் அது போதும், இங்கே விதி அறைக்கு அறை மாறும். ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002-இல் பிரிஸ்பேனில் உள்ள குயின்ஸ்லாந்து கலைக்கூடத்தில் குழந்தைகளுக்காகவே ஓர் அறையைச் செய்தார். சுவர், மேசை, நாற்காலி எல்லாம் வெள்ளை. உள்ளே வருபவர் கையில் வண்ண வட்ட ஸ்டிக்கர் கொடுப்பார்கள், எங்கே வேண்டுமானாலும் ஒட்டலாம், கொஞ்ச நாளில் வெள்ளையைத் தேட வேண்டியிருக்கும். சீனக் கலைஞர் ஆய் வெய்வெய் 2010-இல் லண்டன் டேட் மாடர்ன் மியூசியத்தில் சுமார் பத்துக் கோடி பீங்கான் சூரியகாந்தி விதைகளைத் தரையில் பரப்பினார். முதல் சில நாள் ஜனங்கள் அதன்மேல் நடந்தார்கள், உட்கார்ந்து அள்ளிப் பார்த்தார்கள். அப்புறம் பீங்கான் தூசு உடம்புக்கு ஆகாது என்று நிறுத்திவிட்டார்கள். ஒரே படைப்பு, ஒரே வாரத்தில் இரண்டு விதி! ஆறு வயதுப் பிள்ளை குழம்பாமல் என்ன செய்யும்?

நான் செய்யச் சொல்வது இதுதான். ஒவ்வொரு அறை வாசலிலும் ஒரு நொடி நின்று, அங்கே இருக்கும் பணியாளரிடம் 'இதைத் தொடலாமா?' என்று பிள்ளையையே கேட்கவிடுங்கள். பதில் எதுவானாலும் பிள்ளை கேட்டு வாங்கிய பதில், அதற்கு மதிப்பு அதிகம். நாள் முழுக்க யாரும் பேசாமல் நிற்கும் அந்தப் பணியாளருக்கும் அது பிடிக்கும், நாம் கவனிக்காத ஏதாவது ஒன்றைக் காட்டியும் விடுவார். ஏன் தொடக்கூடாது என்று சொல்லிக் கொடுப்பதும் எளிது: ஒரு கண்ணாடியிலோ செல்போன் திரையிலோ விரலை அழுத்தச் சொல்லி, பதிந்த ரேகையைக் காட்டுங்கள். கையில் இருக்கும் வியர்வையும் எண்ணெயும் அது, பளபளப்பான உலோகத்தில் பட்டால் நாளாவட்டத்தில் அரித்துத் தழும்பாகிவிடும். காட்சிக்கூடத்துக்குள் பேனா கூடாது, பென்சில் மட்டும் என்பார்கள், அதற்கும் காரணம் இதே மாதிரிதான், பென்சில் கோட்டை அழிக்க வழியுண்டு, மை உள்ளே இறங்கிவிடும்.

இதில் பெரியவர்களுக்கும் ஒன்று உண்டு. நான் பார்த்த வரையில் படைப்புகளுக்குப் பெரிய ஆபத்து பிள்ளைகளின் விரல் இல்லை, அப்பா அம்மா முதுகில் தொங்கும் பை. செல்ஃபி எடுக்கத் திரும்புவார்கள், பை இடிக்கும். லாக்கரில் வைத்துவிட்டு வாருங்கள். நெரிசலான இடத்தில் சின்னப் பிள்ளையின் கையை விடாதீர்கள், ஏனென்றால் எல்லாச் சிற்பமும் தரையோடு இறுக்கி வைக்கப்பட்டிருக்கும் என்று சொல்ல முடியாது. 2018-இல் அமெரிக்காவின் கன்சாஸில், ஒரு சமூகக்கூடத்தில் வைத்திருந்த சிற்பத்தை ஐந்து வயதுப் பையன் கட்டிப்பிடிக்கப் போக, அது சாய்ந்து சேதமானது. காப்பீட்டு நிறுவனம் பெற்றோரிடம் 1,32,000 டாலர் கேட்டு எழுதியது.

அப்புறம், 'இதை நானே செஞ்சிருப்பேனே' என்ற சிரிப்பு. பெரியவர்கள் தங்களுக்குள் சொல்லிக்கொள்வதாக நினைத்துச் சொல்வார்கள், பிள்ளை காதில் சரியாக விழும். அதோடு அந்த அறை அதற்கு முடிந்தது, பார்க்கத் தகுதியில்லை என்று அப்பாவே சொல்லிவிட்டாரே. புரியவில்லை என்றால் புரியவில்லை என்று சொல்லுங்கள், அதில் வெட்கம் ஒன்றுமில்லை. ஒருநாள் ஒரு பையன் சுவரோரம் இருந்த தீயணைப்புக் கருவி முன்னால் நின்றுகொண்டு நகரவே இல்லை. அம்மா இழுத்துப் பார்த்தார், வரவில்லை. கடைசியில் என்னிடம் திரும்பி, 'இதுக்கு மட்டும் ஏன் பேரு எழுதி வைக்கல?' என்று கேட்டான். அம்மாவுக்குச் சங்கடம், சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. 1917-இல் பிரெஞ்சுக் கலைஞர் மார்செல் டுஷாம்ப் கடையில் வாங்கிய, ஆண்கள் சிறுநீர் கழிக்கும் பீங்கான் தொட்டி ஒன்றில் கையெழுத்துப் போட்டுக் கண்காட்சிக்கு அனுப்பியபோது கிளப்பிய கேள்வியும் கிட்டத்தட்ட இதுதானே. பெயர் எழுதி வைத்தால் கலையாகிவிடுமா? (அந்த அசல் பீங்கான் தொலைந்துபோயிற்று, பல மியூசியங்களில் இன்று இருப்பது 1964-இல் அவர் அனுமதியோடு செய்த பிரதிகள். இதைச் சொன்னால் பிள்ளைகள் இன்னும் பத்துக் கேள்வி கேட்பார்கள், தயாராக இருங்கள்.)

கேள்விகளைப் பற்றிச் சொல்லும்போது, நாம் கேட்கும் கேள்விகளையும் பார்க்க வேண்டும். 'இது என்ன கலர்?', 'எத்தனை வட்டம் இருக்கு, எண்ணு', 'நல்லா இருக்கா?' மூன்றுமே பரீட்சைக் கேள்விகள், பிள்ளைக்கு அது உடனே தெரிந்துவிடும். நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் கல்வித் துறையைக் கவனித்துவந்த ஃபிலிப் யெனவைனும், உளவியலாளர் அபிகெயில் ஹவ்சனும் சேர்ந்து ஒரு முறையை உருவாக்கினார்கள், பல நாடுகளில் பள்ளிகளிலும் மியூசியங்களிலும் இன்று அதைப் பயன்படுத்துகிறார்கள். மொத்தமே மூன்று கேள்வி. இங்கே என்ன நடக்கிறது? எதைப் பார்த்து அப்படிச் சொல்கிறாய்? இன்னும் என்ன கண்ணில் படுகிறது? உயிர் இரண்டாவது கேள்வியில் இருக்கிறது. 'இந்த ஆளு கோவமா இருக்காரு' என்று பிள்ளை சொன்னால், சரி தப்பு என்று தீர்ப்புச் சொல்லாமல் 'எதைப் பாத்து சொல்ற?' என்று கேளுங்கள், பிள்ளை மறுபடி படத்துக்குள் போய்த் தேடும். கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டிருப்பதுதான் கஷ்டம். பதில் வரப் பத்து விநாடிகூட ஆகும், நம்மால் மூன்று விநாடிக்கு மேல் பொறுக்க முடியாது, லேபிளைப் பார்த்து நாமே பதிலைப் படித்துக் காட்டிவிடுவோம். லேபிள் எங்கேயும் ஓடிவிடாது, பார்த்து முடித்தபின் படிக்கலாம்.

சோகமான படைப்பு வந்தால் அவசரமாகக் கடந்து போய்விடுவதும் உண்டு. ஃபெலிக்ஸ் கோன்சாலஸ்-டோரஸ் என்ற கலைஞர் 1991-இல் செய்த ஒன்று: பளபளக்கும் தாளில் சுற்றிய மிட்டாய்கள் ஒரு மூலையில் குவிந்து கிடக்கும். தொடக்க எடையாக அவர் வைத்தது 175 பவுண்டு, ஏறக்குறைய 79 கிலோ. பார்க்க வருபவர்கள் மிட்டாயை எடுத்துக்கொள்ளலாம், குவியல் குறையும், மியூசியம் மறுபடி நிரப்பலாம். எய்ட்ஸ் நோயால் இறந்த அவருடைய துணைவர் ராஸின் உருவப்படம் அது, முகமே இல்லாத உருவப்படம். இந்த மாதிரி ஒன்றின் முன்னால் பிள்ளைக்கு நோயின் வரலாறு முழுக்கச் சொல்ல வேண்டாம், 'மிட்டாய், எடுத்துக்கோ, வா போலாம்' என்று தள்ளிக்கொண்டும் போக வேண்டாம். 'இவருக்கு ரொம்பப் பிடிச்ச ஒருத்தர் இறந்துட்டாரு, அவரை நினைச்சு செஞ்சது' என்ற ஒரு வரி போதும். மீதியைப் பிள்ளை கேட்டால் கேட்ட அளவுக்குச் சொல்லுங்கள்.

இனி பட்டறை அறை. தலைப்பில் சொன்ன கத்தரிக்கோல் இங்கேதான் வருகிறது. அட்டையை வெட்டி ஒட்டி நிற்கிற மாதிரி ஏதாவது செய்ய வேண்டும், அன்றைய வேலை அவ்வளவுதான். ஒரு பெண் குழந்தை அட்டையைக் கோணல்மாணலாக வெட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருந்த அப்பா முதலில் அட்டையைப் பிடித்துக்கொண்டார். பிறகு 'நேரா வெட்டும்மா' என்றார். பிறகு கத்தரிக்கோலை வாங்கிக்கொண்டார். இருபது நிமிடம் கழித்துப் பார்த்தால் மேசைமேல் ஜன்னல், கைப்பிடிச் சுவர் எல்லாம் வைத்து அருமையான மூன்று மாடிக் கட்டடம் நிற்கிறது, அப்பா நெற்றியில் வியர்வை, பிள்ளை மேசைக்கு அடியில் பசை மூடியை உருட்டி விளையாடிக்கொண்டிருக்கிறது. போட்டோ எடுக்கும்போது மட்டும் பிள்ளையை வெளியே கூப்பிட்டார். எனக்கு அவரைத் திட்டத் தோன்றவில்லை, அவருக்கும் ஒரு அட்டை கொடுத்திருக்க வேண்டும் என்றுதான் தோன்றியது. அதன்பிறகு அப்படியே செய்தேன், வரும் பெரியவர் ஒவ்வொருவருக்கும் தனி அட்டை, தனிக் கத்தரிக்கோல். கை சும்மா இருந்தால்தானே பிள்ளையின் வேலையில் நுழையும்.

இது இன்று நேற்று வந்த தொல்லையும் இல்லை. நியூயார்க் நவீன கலை மியூசியத்தில் கலைக் கல்வியாளர் விக்டர் டி'அமிகோ 1942-இல் குழந்தைகளுக்கான கலைத் திருவிழா ஒன்றைத் தொடங்கினார், பின்னால் அது இந்தியா உட்படப் பல நாடுகளுக்குப் பயணமானது. அந்தத் திருவிழாவில் பிள்ளைகள் செய்யும் இடத்துக்குள் பெற்றோருக்கு அனுமதியே இருக்கவில்லை. இன்றைய குடும்ப நிகழ்ச்சிகள் அதற்கு நேர்மாறாகப் பெரியவர்களையும் கூட உட்காரச் சொல்கின்றன. அதனாலேயே, பிள்ளையை உள்ளே தள்ளிவிட்டுச் செல்போனோடு வெளியே உட்கார்ந்துவிடுவதும் தப்பு. இது காப்பகம் இல்லை, பல இடங்களில் பெரியவர் கூட இருந்தால்தான் பிள்ளையைச் சேர்ப்பார்கள். கூட இருங்கள், கை வைக்காதீர்கள். கஷ்டம்தான்.

பள்ளியிலிருந்து கூட்டி வரும் ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை. அறுபது பேரை ஒரே வரிசையில் நடத்தாதீர்கள், பின்னால் நிற்கும் நாற்பது பேர் பார்ப்பது முன்னால் நிற்பவர்களின் தலையை மட்டும். இரண்டு பக்க வினாத்தாளைக் கொடுத்தால் லேபிளிலிருந்து வருடத்தையும் பெயரையும் எழுதி நிரப்பிவிட்டு, நிமிர்ந்து பார்க்காமலேயே அடுத்த அறைக்கு ஓடுவார்கள். வெற்றுத்தாளும் பென்சிலும் கொடுத்து, ஏதாவது ஒன்றின் முன்னால் உட்கார்ந்து வரையச் சொன்னாலே போதும்.

கடைசியாக, திரும்பும் வழி. வண்டியில் ஏறியதும் 'இன்னிக்கு என்ன கத்துக்கிட்ட?' என்று ஆரம்பிக்காதீர்கள், 'ஒண்ணுமில்ல' என்றுதான் பதில் வரும். நீங்கள் எது பிடித்தது, எது புரியவில்லை என்று உங்கள் கதையைச் சொல்லிக்கொண்டு வாருங்கள், பிள்ளை பாதியில் மறுத்துப் பேச ஆரம்பிக்கும். பிள்ளை செய்ததைக் காயவிட்டு எடுத்துப்போக ஒரு தட்டையான அட்டைப்பெட்டி கொண்டுபோவது நல்லது, ஈரப் பெயின்ட்டோடு பைக்குள் திணித்தால் வீட்டுக்கு வந்து சேர்வது ஒரு உருண்டைதான். அங்கேயே காயட்டும் என்று விட்டுப்போனால் பின்பக்கம் பெயரையும் போன் நம்பரையும் எழுதுங்கள். நான் இருந்த இடத்தில் பெயர் இல்லாதவற்றை ஒரு அலமாரியில் இரண்டு வாரம் வைத்திருப்போம், அதற்கு மேல் இடம் இருக்காது. ஒருதடவை ஒரு பையன் மூன்றாவது வாரம் வந்து தன்னுடைய ஒட்டகத்தைக் கேட்டான்.