லாபம் கடையுடையதா, இடத்துடையதா? மாறும் நகரத்தில் கணக்குப் பார்க்கும் முறை

எங்கள் அச்சகம் கடைசி நான்கு வருடமும் நஷ்டத்தில்தான் ஓடியது. அது எங்கள் யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு வருடக் கடைசியிலும் பேரேட்டில் லாபம் என்று ஒரு தொகை இருந்தது. அதன் கீழே அப்பா இரட்டைக் கோடு போட்டிருந்தார். இரட்டைக் கோடு விழுந்த கணக்கை எங்கள் வீட்டில் யாரும் திரும்பப் பிரிப்பதில்லை.

நான் வெளியில் ஒரு கம்பெனியில் கணக்குப் பிரிவில் இருந்தேன். அப்பாவும் அண்ணனும் அச்சகத்தைப் பார்த்துக்கொண்டார்கள். மாதக் கடைசியில் காகிதக்காரருக்குக் கொடுக்கப் பணம் புரட்டுவது வழக்கமாகிவிட்ட பிறகுதான் பேரேடுகளை வீட்டுக்கு எடுத்து வந்து உட்கார்ந்தேன். லாபம் வருகிற கடையில் கல்லா ஏன் காலியாக இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. பெரிய நகரத்தில் சின்னதாகத் தொழில் செய்கிற எவருக்கும் இந்தக் கேள்வி ஒருநாள் வரும். அலுவலகங்கள் இடம் மாறும், அடுக்குமாடிகள் எழும், ரயில் பாதை வரும், காகிதத்தில் நடந்த வேலை போனுக்குள் போய்விடும். அப்போது எது கூடியது, எது குறைந்தது என்று பார்க்க நான் கையாண்ட வழியைச் சொல்கிறேன்.

முதலில், உங்களுக்கு நீங்களே வாடகை போடுங்கள்

எங்கள் வரவை 100 என்று வைத்துக்கொள்ளுங்கள். காகிதம், மை, பிளேட் (அச்சுத் தகடு) எல்லாம் 52. ஆட்கள் சம்பளம் 18. மின்சாரம், சில்லறைச் செலவு 8. மிச்சம் 22. இந்த 22ஐத்தான் அப்பா லாபம் என்று எழுதிவந்தார்.

கட்டடம் எங்களுடையது. அதனால் வாடகை என்ற வரியே பேரேட்டில் இல்லை. அதே முன்பக்கத்தை வெளியாளுக்கு விட்டால் என்ன வரும் என்று விசாரித்தேன். 15 வரும். அப்பாவும் அண்ணனும் இதே வேலையை வேறொரு அச்சகத்தில் செய்தால் இருவருக்கும் சேர்த்து 14 கொடுப்பார்கள். மெஷின்களின் தேய்மானம் 5. மொத்தம் 34. இருந்த 22இல் 34ஐக் கழித்தால் 12 நஷ்டம். போட்ட முதலுக்கு வட்டியைக்கூட நான் சேர்க்கவில்லை, அப்பா முகத்தைப் பார்த்து விட்டுவிட்டேன்.

"ஏம்மா, சொந்த இடத்துக்கு யாராவது வாடகை கொடுப்பாங்களா?" என்றார்.

"கொடுத்துக்கிட்டுத்தான் இருக்கோம்ப்பா, கைக்குத் தெரியாம."

அவர் பதில் சொல்லவில்லை. நகரம் வளர வளர இடத்தின் மதிப்பு ஏறியது. அந்த ஏற்றம்தான் அச்சகத்தின் ஓட்டையை அடைத்துக்கொண்டிருந்தது. இடம் சம்பாதித்தது, அச்சகம் தின்றது. நடுவில் நின்று நாங்கள் அதை லாபம் என்று எழுதினோம்.

இந்த வாடகையைக் குத்துமதிப்பாகப் போடாதீர்கள். பக்கத்தில் பத்துப் பதினைந்து வருடமாக இருப்பவரிடம் கேட்டால் பழைய வாடகையைத்தான் சொல்வார். கடந்த ஒரு வருடத்துக்குள் குடிவந்த மூன்று கடைகளிடம் கேளுங்கள். தெருவைப் பார்த்த தரைத்தளத்துக்கும் பின்கட்டுக்கும் ஒரே விலை போடக் கூடாது. உழைப்பின் கூலிக்கும் இதே கதைதான். உங்கள் வேலையைச் செய்ய ஒரு ஆளை வைத்தால் எவ்வளவு கொடுப்பீர்கள் என்று கேட்டுக்கொள்ளுங்கள். முதலாளி என்பதற்காகக் கூட்டவும் வேண்டாம், வீட்டு ஆள்தானே என்று குறைக்கவும் வேண்டாம்.

பணத்தை எண்ணாதீர்கள், பில்லை எண்ணுங்கள்

"போன வருஷத்தைவிட வரவு கூடத்தானே செய்திருக்கு" என்பது அண்ணனின் வாதம். கூடியது உண்மைதான். ஆனால் காகித விலை அதைவிட வேகமாக ஏறியிருந்தது, நாங்களும் விலையை ஏற்றியிருந்தோம். பில் புத்தகங்களை எடுத்து எண்ணிப் பார்த்தபோது வேலைகளின் எண்ணிக்கை வருடா வருடம் இறங்கியிருந்தது. வரவு கூடி வேலை குறைந்தால் அந்த வளர்ச்சி விலைவாசியுடையது.

கையிருப்புச் சரக்கும் இதே மாதிரி ஏமாற்றும். பழைய விலைக்கு வாங்கிவைத்த காகிதத்தைப் புது விலைக்கு விற்கும்போது கை நிறைந்த மாதிரி இருக்கும். அதே காகிதத்தை மறுபடி வாங்கப் போனால் அந்த நிறைவு அப்படியே கரைந்துவிடும். ஆகவே சரக்குச் செலவைப் போடும்போது திரும்ப வாங்கும் விலையைப் போடுங்கள்.

கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. செலவே இல்லாதது. இரண்டு வாரம், வருகிற ஒவ்வொருவரிடமும் பேச்சுவாக்கில் இரண்டு விஷயம் கேட்டு எழுதச் சொன்னேன். எங்கிருந்து எங்கே போகிற வழியில் வந்தார்? வந்து கேட்டு, நம்மிடம் இல்லாமல் திரும்பிப்போனது என்ன?

அப்பாவுக்கு எழுதுவதில் விருப்பமில்லை. அண்ணன் எழுதினான், கிறுக்கலாக. அந்தக் கிறுக்கலில் இருந்து தெரிந்தது: பில் புத்தகம், லெட்டர்ஹெட், படிவங்கள் கேட்டு வந்த பழைய வாடிக்கையாளர்கள் பலர் "இதுதான் கடைசித் தடவையா இருக்கும்" என்கிற தொனியில் கொஞ்சமாக அடித்துப்போனார்கள். அதே இரண்டு வாரத்தில் பதினொரு பேர் ஐம்பது, நூறு என்று குறைந்த எண்ணிக்கையில் லேபிள் ஸ்டிக்கர் கேட்டுத் திரும்பியிருந்தார்கள். வீட்டிலிருந்து சோப்பு, மெழுகுவர்த்தி, எண்ணெய் செய்து ஆன்லைனில் விற்கிறவர்கள். ஆயிரத்துக்குக் குறைந்து நாங்கள் அடிப்பதில்லை என்று அப்பா அனுப்பிவிட்டார். ஆயிரத்துக்குக் குறைந்தால் பிளேட் போடும் செலவே கட்டுப்படியாகாது என்பது அவர் கணக்கு. பிளேட் வைத்து அடிக்கும் ஆஃப்செட் அச்சுக்கு அது சரிதான்.

இந்த நோட்டை வைத்து ஒவ்வொரு இழப்பையும் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: ஆள் போய்விட்டாரா, வேலை போய்விட்டதா? அலுவலகம் வேறு பகுதிக்கு மாறியதால் ஆள் போனார் என்றால், வேலை இன்னும் இருக்கிறது. கொண்டுபோய்க் கொடுத்தால் கிடைக்கும். ஆள் அதே தெருவில் இருந்துகொண்டு கம்ப்யூட்டரில் பில் போடுகிறார் என்றால், ஆள் இருக்கிறார், வேலை செத்துவிட்டது. அவருக்கு வேறு என்ன தேவை என்று பார்க்க வேண்டும், தள்ளுபடி கொடுத்துப் பயனில்லை. ஆளும் இருக்கிறார், வேலையும் இருக்கிறது, ஆனால் அடுத்த கடைக்குப் போகிறார் என்றால் தப்பு நம்மிடம். நகரத்தைக் குறை சொல்லக் கூடாது. (எங்கள் பட்டியலில் இந்த வகையில் ஆறு பேர் இருந்தார்கள். அனைவரும் அண்ணன் போன் எடுக்காததால் போனவர்கள்.) இரண்டும் இல்லாமல் போனால்தான் துக்கம் விசாரிக்கலாம்.

ஒரு எச்சரிக்கை. இழப்பு உடனே தெரியாது. படிவம் அடிக்கிற ஒரு நிறுவனம் இணையத்துக்கு மாற முடிவு செய்த பிறகும், கடைசிச் சரக்கு என்று ஒரு பெரிய ஆர்டர் கொடுத்துவிட்டுத்தான் நிறுத்தும். எங்களுக்கு ஒரு வருடம் நல்ல வருடமாக இருந்ததற்குக் காரணம் அதுதான். அந்த வருடம்தான் அப்பா கடன் வாங்கிப் புது கட்டிங் மெஷின் போட்டார்.

ஷட்டரை இறக்கினாலும் நிற்காத செலவு

செலவை இரண்டாகப் பிரியுங்கள். வேலை வந்தால் மட்டும் ஆகும் செலவு ஒன்று. ஷட்டரை இறக்கிவிட்டாலும் ஓடுகிற செலவு இன்னொன்று. 100 வரவில் முதல் வகை 55, இரண்டாவது வகை 40 என்றால் 5 மிஞ்சும். வரவு எவ்வளவு இறங்கினால் அந்த 5 போய்விடும்? ஒவ்வொரு 100இலும் 45 மிஞ்சுகிறது, நிற்காத செலவு 40. 40ஐ 45ஆல் வகுத்தால் கிட்டத்தட்ட 89 சதவீதம். வரவில் 11 குறைந்தாலே லாபம் பூஜ்யம். பத்தில் ஒரு வாடிக்கையாளர் போனால் "பரவாயில்லை" என்று சொல்கிறோமே, அந்த ஒருவரோடு லாபம் அநேகமாக முழுவதும் போகிறது.

இது ஊருக்கே நடக்கும். மோட்டார் தொழிலால் வளர்ந்த அமெரிக்க நகரமான டெட்ராய்ட்டில் 1950இல் சுமார் 18.5 லட்சம் பேர் இருந்தார்கள். 2010 கணக்கெடுப்பில் சுமார் 7.1 லட்சம். ஆள் குறைந்தார்கள், நகரத்தின் பரப்பு குறையவில்லை. அதே தெருக்கள், அதே குழாய்கள், பழைய ஊழியர்களின் அதே ஓய்வூதியம். 2013 ஜூலையில் நகராட்சியே திவால் மனு கொடுத்தது. காரணங்கள் இன்னும் பல உண்டு. ஆனாலும் நிற்காத செலவு என்றால் என்ன என்று யாராவது கேட்டால் நான் இந்த ஊரைத்தான் சொல்வேன்.

லாபம் யார் கைக்குப் போகும் என்று பாருங்கள்

வாடகைக் கடையில் இருப்பவர்கள் இதைக் கவனமாகப் பாருங்கள். தெரு முன்னேறுகிறது, பக்கத்தில் ரயில் நிலையம் வருகிறது என்றால் உங்களுக்கும் வியாபாரம் கூடும். ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் கட்டட உரிமையாளருக்கும் அது தெரிந்திருக்கும். விளைநிலத்தை வைத்துப் பொருளாதார அறிஞர் ரிக்கார்டோ 1817இலேயே சொன்னது இது: வாடகை ஏறியதால் தானிய விலை ஏறவில்லை, தானிய விலை ஏறியதால் வாடகை ஏறுகிறது. நல்ல இடத்தின் ஆதாயம் கடைசியில் இடத்துக்காரரிடம் போய்ச் சேரும்.

அதனால் கடைக்குள் புதிதாகச் செலவு செய்யும் முன் இரண்டு எண்களைப் பக்கத்தில் பக்கத்தில் எழுதுங்கள். போட்ட பணம் திரும்பி வர எத்தனை மாதம்? ஒப்பந்தம் முடிய எத்தனை மாதம்? முதல் எண் பெரியதாக இருந்தால், நீங்கள் உரிமையாளருக்காக ஏசி மாட்டுகிறீர்கள்.

காலத்தையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மாற்றம் எந்தப் பக்கம் போகிறது என்று சரியாகக் கணித்தவரும் முழுகலாம். சரக்கைப் பெரிய பெட்டிகளோடு அப்படியே கப்பலில் ஏற்றும் முறையைக் கொண்டுவந்த அமெரிக்கர் மால்கம் மெக்லீனின் கப்பல் 1956 ஏப்ரலில் 58 கன்டெய்னர் பெட்டிகளை ஏற்றி நியூவர்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. அதன் பிறகு வந்த பெரிய கன்டெய்னர் கப்பல்களுக்கு ஆழமான தண்ணீரும் அகலமான முற்றமும் வேண்டியிருந்தது. அதற்கு ஈடுகொடுக்க முடியாத லண்டனின் பழைய கப்பல்துறைகள் 1967இலிருந்து ஒவ்வொன்றாக மூடி, 1981இல் கடைசியானதும் மூடியது. காலியான இடத்தில் இனி வங்கிகளும் நிதி நிறுவனங்களும் வரும் என்று ஒலிம்பியா அண்ட் யார்க் என்ற கம்பெனி கேனரி வார்ஃப் என்ற அலுவலக வளாகத்தைக் கட்டியது. கணிப்பு சரி. உயரமான முதல் கோபுரம் 1991இல் திறந்தது. ஆனால் அங்கே போக வேண்டிய ஜூபிலி ரயில் பாதை வந்தது 1999இல். வாடகைக்கு ஆள் வருவதற்குள், 1992இல், கம்பெனி விழுந்துவிட்டது. அந்தக் கம்பெனியை நடத்தி அதைக் கட்டிய அதே பால் ரைக்மன் கூட்டாளிகளைச் சேர்த்துக்கொண்டு 1995இல் அதைத் திரும்ப வாங்கினார். நமக்கெல்லாம் அப்படித் திரும்பி வர வாய்ப்பு கிடைக்காது. உங்கள் தெருவில் பாதை வேலை முடிய இரண்டு வருடம் என்று பலகை வைத்திருந்தால் நான்கு வருடம் தாங்குமா என்று கணக்குப் போடுங்கள். பள்ளம் தோண்டிய தெருவுக்குள் யாரும் வண்டி கொண்டுவர மாட்டார்கள்.

மாற்ற முடிவு செய்தால்

பழைய மெஷினுக்கு என்ன கொடுத்தீர்கள் என்பதை மறந்துவிடுங்கள். அந்தப் பணம் போய்விட்டது. இன்று விற்றால் என்ன வரும், வைத்திருந்தால் இனிமேல் என்ன சம்பாதிக்கும், இந்த இரண்டுதான் கணக்கில் வரும். டிரெடில் என்கிற எங்கள் பழைய அச்சு மெஷினைப் பழைய இரும்பு வாங்குகிறவர் எடை போட்டு எடுத்துப்போனார். அப்பா அன்று கடைக்கு வரவில்லை.

வெளியில் நிற்கும் பாக்கியை முதலில் வசூலியுங்கள். கடை மூடப்போகிறது என்ற பேச்சு கிளம்பிவிட்டால் பாக்கி வைத்தவர்களுக்கு ஞாபகமறதி வந்துவிடும். வேலை செய்கிறவர்களிடம் மட்டும் சீக்கிரமே சொல்லிவிடுங்கள். அவர்களும் வேறு வேலை தேட வேண்டும். நாங்கள் தாமதமாகச் சொன்னோம். பைண்டிங் செய்த பெரியவர் இன்றுவரை எங்கள் வீட்டுப் பக்கம் வருவதில்லை.

முன்பக்கத்தை ஒரு கூரியர் அலுவலகத்துக்கு விட்டோம். பின்கட்டில், பிளேட் தேவைப்படாத சின்ன டிஜிட்டல் மெஷின் ஒன்றைத் தவணையில் போட்டு, ஐம்பது நூறு லேபிள் அடிக்கிறோம். லேபிள் வாங்குகிறவர்கள் முன்னால் உள்ள கூரியரிலேயே பார்சல் போடுகிறார்கள். இது நாங்கள் திட்டம் போட்டதில்லை, தானாக அமைந்தது. பின்கட்டுக்கான வாடகை, இருவர் கூலி, தேய்மானம் எல்லாம் போட்ட பிறகு முதல் வருடம் 4 நஷ்டம், இரண்டாம் வருடம் 3 லாபம்.

பேரேடு இன்னும் அப்பா கையில்தான். போன மாதம் புரட்டியபோது "வாடகை, நமக்கு நாமே" என்று அவர் கையெழுத்தில் ஒரு வரி இருந்தது. தொகையைக் கொஞ்சம் குறைத்துப் போட்டிருந்தார். பென்சிலால் திருத்தி வைத்தேன்.