நேட்டாலுக்கு வந்த பூட்டனின் ஊர் எது? கூலி நம்பரிலிருந்து கிராமம் வரை

பூட்டன் பெயர் முனுசாமி, மதராஸிலிருந்து கப்பலேறி வந்தார், கரும்புத் தோட்டத்தில் உழைத்தார். தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியில், டர்பன், டொங்காட், ஸ்டேங்கர் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றில் இதற்கு மேல் எதுவும் தெரியாது. இந்தப் பெயரை மட்டும் வைத்துக்கொண்டு தேடப் போனால் எக்கச்சக்கமான முனுசாமிகள் வந்து நிற்பார்கள். எது நம்முடையவர் என்று சொல்ல வழியிருக்காது. ஆகவே முதலில் தேட வேண்டியது எண்ணை.

1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ கப்பல் மதராஸிலிருந்து டர்பன் வந்து சேர்ந்தது. அதிலிருந்து 1911இல் கடைசிக் கப்பல் வரும்வரை, கூலி வேலை ஒப்பந்தத்தில் வந்த ஒவ்வொருவருக்கும் குழந்தைகள் உட்பட ஓர் எண் கொடுத்தார்கள். கல்கத்தாவிலிருந்து வந்தவர்களுக்கும் மதராஸிலிருந்து வந்தவர்களுக்கும் ஒரே வரிசை. அது 1,52,184 வரை போகிறது. அரசாங்கத் தாளில் காலனி எண், வீட்டுப் பேச்சில் கூலி நம்பர். ஒரே எண் இருவருக்குக் கிடையாது. எண் கிடைத்துவிட்டால் கப்பல், வந்த தேதி, தகப்பன் பெயர், கிராமம் எல்லாம் கப்பல் பட்டியல் என்ற பதிவேட்டில் ஒரே வரியில் கிடைத்துவிடும்.

எண் இருக்கும் இடங்கள்

வீட்டிலிருந்து தொடங்குங்கள். பழைய தகரப் பெட்டி, சாமி அறை அலமாரி, பெரியம்மா வீட்டுப் பீரோ எல்லாவற்றையும் பாருங்கள். ஐந்தாண்டு ஒப்பந்தம் முடிந்ததும் கொடுத்த விடுதலைச் சான்று, பாஸ், 1895 சட்டத்தின்படி விதித்த மூன்று பவுண்டு வரிக்கான ரசீது, நிலம் வாங்கிய பத்திரம் இவற்றில் பெயருக்குப் பக்கத்தில் எண் இருக்கும்.

வீட்டில் ஒன்றும் இல்லையென்றால் உள்துறை அலுவலகத்துக்குப் போக வேண்டும். இங்கேதான் பலரும் தவறுகிறார்கள். சாதாரணப் பிறப்புச் சான்றிதழ் கேட்டால் கணினியில் உள்ளதை மட்டும் அச்சடித்துத் தருவார்கள். அதில் எண் இராது. பழைய பதிவேட்டில் கையால் எழுதிய பக்கத்தின் நகல், அதாவது ‘வால்ட் காப்பி’ என்று பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பழைய இந்தியப் பிறப்புப் பதிவுகளில் தகப்பன், தாய் இருவருடைய காலனி எண்களையும் எழுதியிருப்பார்கள். உங்கள் தாத்தாவின் பிறப்புப் பதிவு கிடைக்காவிட்டால் அவருடைய அண்ணன், தங்கை யாருடையதாக இருந்தாலும் போதும். பெற்றோரும் அவர்களே, எண்களும் அவையே.

அடுத்தது மரண அறிவிப்பு. இறந்தவரின் சொத்துக் கோப்போடு இது சேர்ந்திருக்கும். பெற்றோர் பெயர், பிறந்த இடம், வயது, மனைவி மக்கள் பெயர் என்று வரிசையாகக் கேட்கும் படிவம் அது. பழைய சொத்துக் கோப்புகள் பீட்டர்மாரிட்ஸ்பர்க் ஆவணக் காப்பகத்தில் எம்.எஸ்.சி.இ. என்ற வரிசையில் உள்ளன. தேசிய ஆவணக் காப்பகத்தின் இணையப் பட்டியலில் பெயரைத் தட்டித் தேடலாம். அதே பட்டியலில் இந்தியக் குடியேற்றத் துறையின் ஐ.ஐ. வரிசையையும் பாருங்கள். சம்பளம் கிடைக்கவில்லை, சர்தார் (தோட்டத்து மேஸ்திரி) அடித்தான், மனைவியை வேறு தோட்டத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நம் ஆட்கள் கொடுத்த புகார்கள் அதில் இருக்கின்றன. முன்னோரின் குரல் கேட்கக்கூடிய ஒரே இடம் அதுதான். எண் கிடைத்த பிறகும் அந்தக் கோப்புகளைப் படிக்காமல் விடாதீர்கள்.

எண் கிடைக்கவே இல்லையென்றால்

அப்போது வேலை செய்த இடத்தைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். மவுண்ட் எட்ஜ்கோம்ப் தோட்டமா, உம்சிண்டோ பக்கத்து ரெனால்ட்ஸ் தோட்டமா, ரயில்வே பாரக்ஸா, டண்டி நிலக்கரிச் சுரங்கமா? கப்பல் பட்டியலில் யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பதும் பதிவாகியிருக்கிறது. பெயர், வேலைக்கு வைத்தவர், வந்திருக்கக்கூடிய ஆண்டு மூன்றையும் சேர்த்தால் நூறு முனுசாமி நாலைந்தாகக் குறைவார்கள்.

ஆண்டைக் கணக்கிடும்போது கவனம். பதிவான வயது குமாஸ்தா பார்த்துச் சொன்ன மதிப்பு. ஐந்து முதல் பத்து ஆண்டு வரை முன்பின் இருக்கலாம். 1866இல் நின்ற குடியேற்றம் மறுபடி 1874இல்தான் தொடங்கியது. உங்கள் கணக்கு 1870 என்று காட்டினால் கணக்கில்தான் பிழை. இங்கே பிறந்த முதல் பிள்ளையின் ஆண்டிலிருந்து பின்னோக்கிப் போவது வயதை நம்புவதைவிட மேல்.

எல்லாரும் ஒப்பந்தத்தில் வந்தவர்கள் அல்லர். சொந்தக் காசில் டிக்கெட் எடுத்து வந்தவர்களும், மொரீஷியஸ் வழியாக வந்தவர்களும் உண்டு. அவர்களுக்குக் காலனி எண் கிடையாது. அவர்களைக் குடியிருப்புச் சான்று விண்ணப்பங்களிலும் வியாபார உரிமக் கோப்புகளிலும் தேட வேண்டும்.

கப்பல் பட்டியலைப் படிப்பது

மூலப் பதிவேடுகள் டர்பன் ஆவணக் காப்பகத்தில் இருக்கின்றன. அவற்றைப் பார்த்துத் தட்டச்சு செய்த தரவு, குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகத்தின் காந்தி-லுத்துலி ஆவண மையத்தில் கிடைக்கும். தட்டச்சுப் பிரதியைத் தேடுவதற்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். முடிவுக்கு வர மூலப் பக்கத்தின் படம் வேண்டும். பழைய கையெழுத்தில் எல்லும் எஸ்ஸும், என்னும் யூவும் ஒன்றுபோல் இருக்கும். ஊர்ப் பெயரில் ஓர் எழுத்து மாறினால் வேறு ஊருக்குப் போய்விடுவீர்கள்.

ஒரு வரியில் எண், பெயர், தகப்பன் பெயர், வயது, சாதி, உயரம், மாவட்டம், தாலுகா, கிராமம், உடலில் உள்ள தழும்பு ஆகியவை இருக்கும். இன்றைய குடும்பப் பெயரை இதில் தேடாதீர்கள். அன்று நம்மவர்களுக்கு ஒரே பெயர்தான். மகன் பள்ளியிலோ பதிவு அலுவலகத்திலோ பெயர் கொடுத்தபோது தகப்பன் பெயரோ சாதிப் பட்டமோ குடும்பப் பெயராக ஒட்டிக்கொண்டது. கோவெண்டர் என்று இன்று எழுதும் குடும்பத்தின் மூதாதை, பட்டியலில் வெறும் ஆறுமுகம் என்றே இருப்பார்.

சாதிக் கட்டத்தில் இருப்பதும் இன்றைய குடும்பப் பெயரும் ஒத்துப்போகாமல் இருக்கலாம். குமாஸ்தா தவறாக எழுதியிருக்கலாம். கடல் கடந்த பிறகு ஒருவர் தமக்கு வேறு பட்டம் சூட்டிக்கொண்டும் இருக்கலாம். இதைக் கண்டதும் சிலர் தேடலையே நிறுத்திவிடுகிறார்கள், சிலர் திருத்தி எழுதிக்கொள்கிறார்கள். இரண்டும் அந்த மனிதருக்குச் செய்கிற அநியாயம். பதிவில் உள்ளதை உள்ளபடி குறித்துக்கொள்ளுங்கள்.

கிராமப் பெயர் படிக்க முடியாவிட்டால் முன்னும் பின்னும் பத்துப் பதினைந்து எண்களைப் படியுங்கள். ஒரே ஊர்க்காரர்களும் உறவினர்களும் அடுத்தடுத்துப் பதிவாகியிருப்பது வழக்கம். பக்கத்து வரியில் அதே ஊர் தெளிவாக எழுதப்பட்டிருக்கலாம். பூட்டியின் எண்ணையும் தனியாகத் தேடுங்கள். இங்கே வந்து கல்யாணம் செய்தவர் என்றால் அவருக்குத் தனிக் கப்பல், தனி ஊர்.

பழைய பெயரை இன்றைய வரைபடத்தில் வைப்பது

ஆங்கிலேயர் எழுத்தை வாய்விட்டுப் படித்தால் பாதி விளங்கிவிடும். இரட்டை ஓ வந்தால் பெரும்பாலும் உகரம், ஒற்றை யூ வந்தால் பல இடங்களில் அகரம்; ‘ருங்கசாமி’ ரங்கசாமிதான். வாண்டிவாஷ் என்பது வந்தவாசி, சிங்கிள்புட் செங்கல்பட்டு, டின்னவெல்லி திருநெல்வேலி.

மாவட்டம் இன்னும் சிக்கல். பட்டியலில் அடிக்கடி வரும் வட ஆர்க்காடு இன்று இல்லை. அதன் ஒரு பகுதி 1911இல் சித்தூர் மாவட்டத்துக்குப் போனது. அந்த ஊர்களில் பெரும்பாலானவை இப்போது ஆந்திரத்தில். மீதி 1989இல் இரண்டாகப் பிரிந்தது. அதில் வேலூர் 2019இல் மறுபடி பிரிந்து ராணிப்பேட்டை, திருப்பத்தூர் என்று தனித்தனி மாவட்டங்கள் வந்தன. தென் ஆர்க்காடு 1993இல் கடலூர், விழுப்புரம் என்று பிரிந்தது. 2019இல் விழுப்புரத்திலிருந்து கள்ளக்குறிச்சி தனியானது. எனவே மாவட்டத்தைவிடத் தாலுகாவைப் பிடித்துக்கொள்ளுங்கள். 1961 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் மாவட்டக் கையேடுகளில் தாலுகாவாரியாகக் கிராமங்கள் அச்சாகியுள்ளன. பழைய பெயரை அதோடு ஒப்பிடுவது எளிது. புதூர், நல்லூர் போன்ற பெயர்கள் ஒரே வட்டாரத்தில் இரண்டு மூன்று இருக்கும், எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள்.

ஊருக்குப் போகுமுன்

பட்டாப் பதிவேட்டில் பூட்டன் பெயர் கிடைக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். கப்பலேறியவர்களில் பலருக்கு நிலமே கிடையாது. கர்ணம், மணியக்காரர் பதவிகளும் 1980இல் ஒழிந்துவிட்டன. கிராம நிர்வாக அலுவலரிடம் பழங்கதை இருக்காது. கோயில் பூசாரியிடமும் எழுபது எண்பது வயதுக்காரர்களிடமும் கேளுங்கள்.

அங்கே உதவுவது குலதெய்வம். மொழியை மறந்த குடும்பம்கூட எந்த அம்மனுக்கு எந்த மாதம் கூழ் ஊற்றுவது, எந்தச் சாமிக்குக் கிடா வெட்டுவது, படையலில் எதை வைக்கக் கூடாது என்பதை விடாமல் வைத்திருக்கிறது. புறப்படுமுன் வீட்டு மூத்த பெண்களிடம் இதைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஊரில் முதலில் அவர்களைப் பேச விடுங்கள். நீங்களே சாமி பெயரைச் சொல்லிவிட்டால், வந்தவர் மனம் நோகக் கூடாதென்று ஆமாம் போட்டுவிடுவார்கள். தகப்பன் பெயர், குலதெய்வம், ‘எங்கள் ஆள் ஒருத்தர் கப்பலேறிப் போனார்’ என்ற பேச்சு, இந்த மூன்றில் குறைந்தது இரண்டு அவர்கள் வாயிலிருந்தே வந்தால்தான் பங்காளிகள் என்று எடுத்துக்கொள்ளலாம்.

கப்பல் பட்டியல் பக்கத்தைப் பெரிதாக அச்சடித்து, அந்த வரியின் தமிழாக்கத்தைக் கீழே எழுதி நாலைந்து படிகள் கொண்டுபோங்கள். ஒன்றைக் கோயிலில் கொடுத்துவிட்டு வாருங்கள், பின்பக்கத்தில் உங்கள் தொலைபேசி எண்ணோடு.